பழைய கதை, புதுச் சண்டை: ரசிகன் ஏன் ஏமாறுகிறான்?

(இரண்டாமாண்டு இயந்திரவியல் மாணவன், சாத்தான்குளம்)



ஆண்டு மலருக்குக் கட்டுரை என்றால் நாட்டு முன்னேற்றம், வேலையில்லாத் திண்டாட்டம், அணுசக்தி என்று எழுதுவதுதான் வழக்கம். நான் சினிமாவைப் பற்றி எழுதப் போகிறேன். சிரிக்காதீங்க. நம்ம ஹாஸ்டலில் ராத்திரி பத்து மணிக்கு மேல நடக்கிற பட்டிமன்றத்தில் முக்கால்வாசி சினிமாதானே? அதையே கொஞ்சம் ஒழுங்காக, பாடம் படிக்கிற மாதிரி யோசித்துப் பார்த்தால் என்ன என்று தோன்றியது. அதன் விளைவே இக்கட்டுரை.

கேள்வி இதுதான். அந்தக் காலத்தில் ஓடு ஓடு என்று ஓடிய சண்டைப் படங்களை இப்போ திரும்ப எடுக்கிறார்கள். பணம் அதிகம், கேமரா உயர்ந்தது, கம்ப்யூட்டர் கிராபிக்ஸ் வேறு. இவ்வளவு இருந்தும் ரசிகன், ‘பழசு மாதிரி வரலியேல’ என்று சொல்லிக்கொண்டே வெளியே வருகிறான். ஏன்?

ரீமேக் இரண்டு வகை

ரீமேக் என்றாலே தோல்விதான் என்று சிலர் அடித்துச் சொல்வார்கள். அது சரியல்ல. எம்.ஜி.ஆர். நடித்த ‘சிரித்து வாழ வேண்டும்’ 1974-ல் வந்தது. அது 1973-ல் அமிதாப் பச்சன் நடித்து வந்த ‘ஜஞ்சீர்’ படத்தின் ரீமேக். ரஜினியின் ‘பில்லா’ 1980-ல் வந்தது. அது 1978-ல் வந்த ‘டான்’. நாமெல்லாம் மனப்பாடமாகச் சொல்லுகிற ‘கில்லி’ 2004-ல் வந்தது. அது 2003-ல் மகேஷ் பாபு நடித்த தெலுங்குப் படமான ‘ஒக்கடு’.

இவற்றில் ஒரு ஒற்றுமை உண்டு. மூலத்துக்கும் ரீமேக்குக்கும் நடுவில் ஒரு வருஷம், மிஞ்சினால் இரண்டு வருஷம். காலம் மாறவில்லை; இடமும் மொழியும்தான் மாறின. ‘ஒக்கடு’வில் கர்நூலும் ஹைதராபாத்தும், ‘கில்லி’யில் மதுரையும் சென்னையும். அங்கே சார்மினார் என்றால் இங்கே கலங்கரை விளக்கம். இங்குள்ள ரசிகர்களில் பெரும்பாலோர் மூலத்தைப் பார்த்ததே கிடையாது. ஆகவே ஒப்பிட்டுப் பார்க்க ஒன்றும் இல்லை. இதை ‘இடம் மாற்றும் ரீமேக்’ என்று வைத்துக்கொள்வோம்.

இன்னொன்று, ‘காலம் மாற்றும் ரீமேக்’. முப்பது வருஷம் கழித்து அதே படத்தை, அதே ஊர் ரசிகனுக்கு, அதே மொழியில் எடுப்பது. அந்த ரசிகன் பழைய படத்தை டி.வி.யில் ஐம்பது தடவை பார்த்தவன். எந்த வசனம் எங்கே வரும் என்பது வரைக்கும் தெரிந்தவன். தகராறு இங்கேதான் ஆரம்பம்.

ஒரே ஆண்டு, ஒரே கதாநாயகன், இரண்டு படங்கள்

நம்ம லேபில் ஒரு சோதனை செய்யும்போது என்ன செய்கிறோம்? மற்றதையெல்லாம் மாறாமல் வைத்து, ஒன்றை மட்டும் மாற்றிப் பார்க்கிறோம். தமிழ் சினிமாவில் கிட்டத்தட்ட அப்படி ஒரு சோதனை தானாகவே நடந்திருக்கிறது.

1980-ஆம் ஆண்டு ஜனவரியில் ‘பில்லா’ வந்தது. அதே ஆண்டு டிசம்பரில் ‘முரட்டுக்காளை’ வந்தது. இரண்டிலும் ரஜினிகாந்த். இரண்டும் வெற்றி. பின்னாளில் இரண்டையும் திரும்ப எடுத்தார்கள். 2007-ல் விஷ்ணுவர்தன் இயக்கத்தில் அஜித் நடித்த ‘பில்லா’ பெரிய வெற்றி பெற்றது. 2012-ல் செல்வபாரதி இயக்கத்தில் சுந்தர்.சி. நடித்த ‘முரட்டுக்காளை’ வந்த வேகத்தில் போய்விட்டது. ஒன்று ஜெயித்து, ஒன்று தோற்றது ஏன்?

‘பில்லா’வின் உயிர் எங்கே இருக்கிறது? ஒரு கடத்தல்காரன் செத்துப் போகிறான். அவனைப் போலவே இருக்கிற ஒரு அப்பாவியைப் போலீஸ் அதிகாரி அந்தக் கூட்டத்துக்குள் அனுப்புகிறார். அந்த அதிகாரியும் செத்துப் போனால், இவன் யார் என்று சாட்சி சொல்ல ஆள் இல்லை. மாட்டிக்கொள்வானா, மாட்டானா? இந்தப் பயம் எந்தக் காலத்துக்கும் பொருந்தும். எந்த ஊருக்கும் பொருந்தும். அதனால்தான் 2007-ல் கதையை மலேசியாவுக்குக் கொண்டுபோக முடிந்தது. ரஜினி மாதிரி நடிக்க அஜித் முயற்சி செய்யவில்லை. அதிகம் பேசாத, இறுக்கமான ஒரு ஆளாக அவர் பில்லாவை மாற்றிவிட்டார். பழைய படத்தைப் பார்த்தவனுக்கும் புதிதாக ஒன்று கிடைத்தது.

‘முரட்டுக்காளை’யின் உயிர் வேறு இடத்தில் இருக்கிறது. ஏ.வி.எம். எடுத்து, எஸ்.பி.முத்துராமன் இயக்கிய படம். நான்கு தம்பிகளோடு வாழும் ஒரு கிராமத்து இளைஞன் காளையன். காளையை அடக்கிய நாளிலிருந்து ஜமீன் வீட்டுக்கும் அவனுக்கும் பகை. சென்னை மாகாணத்தில் ஜமீன் ஒழிப்புச் சட்டம் 1948-லேயே வந்துவிட்டது. ஆனால் சட்டத்தில் போன ஜமீன் ஊரில் போகவில்லை. 1980-ல் கொட்டகையில் உட்கார்ந்திருந்தவன், பெரிய வீட்டு வாசலில் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்ற அப்பனையும் தாத்தாவையும் கண்ணால் பார்த்தவன். அவனுக்காகத்தான் காளையன் அடித்தான்.

2012-ல் படம் பார்க்கப் போன இளைஞனுக்கு ஜமீன்தார் என்றால் சினிமாவில் வருகிற ஒரு வேஷம். அவ்வளவுதான். கதையின் எலும்பு அதேதான். ஆனால் கோபம் செத்துப் போச்சு!

இன்னும் ஒன்று கவனியுங்கள். 1980-ல் வில்லனாக வந்தவர் ஜெய்சங்கர். 1965-ல் ‘இரவும் பகலும்’ படத்தில் அறிமுகமாகி, பதினைந்து வருஷம் கதாநாயகனாகவே ஜனங்கள் பார்த்த மனிதர், ‘தென்னகத்து ஜேம்ஸ்பாண்ட்’ என்று பெயர் வாங்கியவர். அவர் கெட்டவனாக வந்து நின்றதே ஒரு அதிர்ச்சி. 2012-ல் சுமன் வந்தார். நல்ல நடிகர்தான். ஆனால் 2007-லேயே ‘சிவாஜி’யில் அவரை வில்லனாகப் பார்த்தாயிற்று. அதிர்ச்சிக்கு எங்கே போவது?

ஒர்க்‌ஷாப் சொல்லும் பாடம்

இதை நம்ம பாஷையில் சொல்கிறேன். தேய்ந்துபோன ஒரு பழைய ஷாஃப்டைக் கொடுத்து, இதே மாதிரி ஒன்று செய்து கொண்டு வா என்கிறார்கள். நாம் வெர்னியர், மைக்ரோமீட்டர் எல்லாம் வைத்து அளக்கிறோம். லேத்தில் பிடித்துக் கடைகிறோம். நீளம் சரி, விட்டம் சரி, பளபளப்பு பழசைவிட ஜாஸ்தி. மெஷினில் மாட்டினால் கொஞ்ச நாளில் தேய்ந்து போகிறது. காரணம் என்ன? பழைய ஷாஃப்ட் கேஸ் ஹார்டனிங் செய்தது. மேல்தோலில் கார்பன் ஏற்றி, சூடாக்கி, குளிரவைத்து, வெளியே கடினமும் உள்ளே உறுதியுமாக ஆக்கியிருந்தார்கள். நாம் சாதாரண மைல்ட் ஸ்டீலில் கடைந்து கொடுத்துவிட்டோம். கார்பன் எவ்வளவு என்று வெர்னியர் காட்டாது.

ரீமேக் எடுப்பவர்களும் அளவைத்தான் எடுக்கிறார்கள். ரயில் சண்டை, மலேசியா வாசுதேவன் பாடிய பாட்டு, பஞ்ச் வசனம், இதெல்லாம் விட்டம், நீளம் மாதிரி. கண்ணுக்குத் தெரியும். அந்தச் சண்டைக்கு முன்னால் படம் பார்க்கிறவன் நெஞ்சில் ஏற்றிய சூடு கண்ணுக்குத் தெரியாது. அது விட்டுப்போகிறது.

சண்டையிலும் ஒரு வித்தியாசம் உண்டு. 1980-ல் இன்றைய கம்ப்யூட்டர் கிராபிக்ஸ் கிடையாது. ஜூடோ கே.கே.ரத்னம் மாஸ்டர் அமைத்த சண்டைகளில் ஆட்கள் நிஜமாகவே விழுந்து எழுந்தார்கள். விழுந்தால் அடிபடும் என்று பார்க்கிறவனுக்கும் தெரியும். இன்று பத்து பேர் காற்றில் பறந்தாலும் ஒருத்தனுக்கும் வலிக்கவில்லை என்பதும் நமக்குத் தெரியும். வலிக்காத சண்டையில் பயம் ஏது?

மற்ற இடங்களில் நடந்தது

நம்ம ஊரில் மட்டும்தான் இப்படி என்று நினைக்க வேண்டாம். 1975 ஆகஸ்ட் 15-ல் வந்த ‘ஷோலே’யை அறியாதவர் இல்லை. பெங்களூருக்குப் பக்கத்தில் ராமநகரத்துப் பாறைகளுக்கு நடுவே எடுத்த படம். தன்னந்தனியான கிராமம், கேட்பதற்கு ஆள் இல்லை, கொள்ளைக்காரன் வைத்ததுதான் சட்டம். அதனால்தான் தாக்கூர் இரண்டு திருடர்களைக் கூலிக்குக் கூட்டி வருகிறார். ராம்கோபால் வர்மா 2007-ல் அதையே ‘ஆக்’ என்ற பெயரில் மும்பை நகரத்துக்குக் கொண்டுவந்தார். தெருவுக்குத் தெரு போலீஸ் ஸ்டேஷன் இருக்கிற பட்டணத்தில் அந்தக் கதை எப்படி நிற்கும்? பழைய படத்தில் தாக்கூரின் இரண்டு கையையும் வெட்டிவிடுவான் கப்பர்சிங். புதுப் படத்தில் விரல்கள் மட்டும்! பழைய கப்பர்சிங்காக வந்த அம்ஜத்கான் அப்போது ஜனங்களுக்கு அதிகம் தெரியாத முகம். இவன் என்ன செய்வானோ என்று நடுங்கினார்கள். புதுப் படத்தில் அந்த வேஷத்துக்கு வந்தவர் அமிதாப் பச்சன். எவ்வளவு பெரிய நடிகரானாலும், நமக்கு அமிதாப்தான் தெரிகிறார்; கொள்ளைக்காரன் தெரியவில்லை. படம் படுதோல்வி.

அர்னால்டு நடித்து 1990-ல் வந்த ‘டோட்டல் ரீகால்’ செவ்வாய்க் கிரகத்துக்குப் போகிற கதை. 2012-ல் திரும்ப எடுத்தபோது செவ்வாய்க் கிரகத்தையே எடுத்துவிட்டார்கள். திருச்செந்தூர் போகிற பஸ் என்று ஏற்றிவிட்டு, குரும்பூரிலேயே இறக்கிவிட்டால் எப்படி இருக்கும்?

அதே 2012-ல் ஜெயித்த ஒரு ரீமேக்கும் உண்டு. ஹிருத்திக் ரோஷன் நடித்த ‘அக்னிபத்’. அதன் மூலம் 1990-ல் வந்தது. அமிதாப்புக்குத் தேசிய விருது கிடைத்தது, ஆனால் படம் வசூலில் சறுக்கியது. ஆகவே திரும்ப எடுத்தவர்களுக்குச் சரிசெய்ய ஏதோ ஒன்று மிச்சம் இருந்தது. நன்றாக ஓடுகிற மெஷினைப் பிரித்துப் போட்டால் கெட்டுத்தான் போகும். ரிப்பேர் உள்ள மெஷினைப் பிரித்தால் பலன் உண்டு. இது நமக்குத் தெரியாததா?

எங்க அப்பா சொன்ன காரணம்

எங்க அப்பா பனையேறினவர். பள்ளிக்கூடம் அதிகம் போனதில்லை. எங்க வீட்டில் பத்தாம் வகுப்பு தாண்டின முதல் ஆள் நான்தான். சின்ன வயசில் டெண்ட் கொட்டகையில் மணலைக் குவித்து வைத்து, அதன் மேல் உட்கார்ந்து ‘முரட்டுக்காளை’ பார்த்தவர் அப்பா. புதுப் படத்தை டி.வி.யில் போட்டபோது பாதியிலேயே எழுந்து போய்விட்டார். ஏம்ப்பா என்று கேட்டேன்.

‘‘அவன் அடிக்கதுக்கு முன்னாடி நமக்குக் கோவம் வரணும்லா? நமக்கு வரல. அவன் மட்டும் அடிச்சிக்கிட்டுக் கெடக்கான்’’ என்றார்.

இந்தக் கட்டுரை முழுக்க நான் சொன்னதை அவர் இரண்டு வரியில் சொல்லிவிட்டார். அந்தக் காலத்தில் பனைத் தொழிலாளி யாவாரியிடம் முன்பணம் வாங்குவான். காய்ச்சின கருப்பட்டியை அந்த யாவாரி சொன்ன விலைக்கே போட வேண்டும். அடுத்த வருஷமும் கடன் நிற்கும். எங்க தாத்தா காலத்தில் அப்படி நின்ற கடனை அடைக்கத்தான் அப்பா பனை ஏறினார். திரையில் ஜெய்சங்கர் நின்றபோது அப்பாவுக்குத் தெரிந்தது ஜமீன்தார் இல்லை. எடைக்கல்லை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அந்த யாவாரி. ரஜினி ஒரு அடி அடித்ததும் தேரிக்காட்டு ஜனமெல்லாம் ஏன் விசில் அடித்தது என்று இப்போது எனக்குப் புரிகிறது.

ரசிகன் பக்கமும் ஒரு குறை உண்டு என்பதை மறைக்கக்கூடாது. பழைய படத்தை நினைக்கும்போது தன் இளமையையும் சேர்த்தே நினைக்கிறான். போன இளமையை எந்த டைரக்டராலும் திருப்பித் தர முடியாது. ஆனால் அது மட்டுமே காரணம் என்றால் 2007 ‘பில்லா’ ஓடியிருக்கக்கூடாதே!

முடிவுரை

2024-ல் ‘கில்லி’யைத் திரும்பத் தியேட்டரில் போட்டார்கள். 2025-ல் விஜயகாந்தின் நூறாவது படமான ‘கேப்டன் பிரபாகரன்’ வந்தது. அது 1991-ல் வெளியான படம். என் வயசுப் பையன்கள் போய்க் கைதட்டிப் பார்த்தார்கள். பழசு வேண்டும் என்றால் பழசையே பார்க்கலாம். ஆகவே அதைத் திரும்ப எடுக்க வேண்டிய அவசியம் இல்லை.

அப்படியானால் புதிதாக எதை எடுப்பது? நம்ம காலத்து ஜமீன்தார் யார் என்று தேட வேண்டும். வெளிநாட்டு வேலை என்று பணத்தை வாங்கிக்கொண்டு ஓடுகிற ஏஜெண்ட். செல்போனில் கடன் கொடுத்துவிட்டு, வீட்டுப் பெண்களின் போட்டோவைக் காட்டி மிரட்டுகிற கும்பல். டிப்ளமோ முடித்தவனை வருஷக்கணக்கில் கான்ட்ராக்டிலேயே வைத்து, நிரந்தரம் செய்யாமல் வெளியே அனுப்புகிற கம்பெனி. இவர்களைப் பார்த்தால் நமக்குக் கோபம் வரும். இவர்கள் முன்னால் ஒரு காளையன் வந்து நின்றால், நாமும் எழுந்து விசில் அடிப்போம்.

எங்க அப்பா ஏறின பனையை நான் ஏறவில்லை. அவருடைய பாளைக் கத்தியும் எனக்குப் பிடிக்கத் தெரியாது. ஆனால் எதுக்காக ஏறினார் என்பது தெரியும். யாரிடமும் கைகட்டி நிற்கக்கூடாது என்பதற்காக. அந்த ஒன்றைத்தான் நான் வாங்கி வைத்திருக்கிறேன். லேத் முன்னால் நிற்கும்போதும் அது என்னோடு இருக்கிறது. நல்ல ரீமேக் எடுக்க நினைப்பவரும் இதைச் செய்தால் போதும். பழைய படத்தின் சட்டையை எடுக்க வேண்டாம். அந்தப் படம் எதுக்காக அடித்ததோ அதை எடுத்துக்கொள்ளட்டும்.

நண்பர்களே, இன்றைக்கு ராத்திரி பட்டிமன்றத்தில் இதற்கு மறுப்பு இருந்தால் தாராளமாகச் சொல்லுங்கள். நடுவர் இல்லாத பட்டிமன்றம்தானே, விடிய விடியப் பேசலாம்!