பிரயோகப் பாடம்: வாகனத்தின் சப்வூபர் ஏன் கருகுகிறது?

(க.பொ.த. சாதாரண தரம் – ஓமின் விதி, மின்வலு, ஒலிபெருக்கி)



ஓமின் விதி, மின்வலு, ஒலிபெருக்கி ஆகியவற்றை நீங்கள் தனித்தனிப் பாடங்களாகப் படித்திருப்பீர்கள். இம்மூன்றும் சந்திக்கும் பொருள் ஒன்று கல்முனை – அக்கரைப்பற்று வீதியில் தினமும் உங்களைக் கடந்து போகிறது. வான்களிலும் முச்சக்கர வண்டிகளிலும் ஆசனத்தின் பின்னால் அதிர்கின்ற சப்வூபரே அது. இதனை விளங்கிக்கொண்டால் பரீட்சையில் புள்ளியும் கிடைக்கும், வீட்டில் பணமும் மிஞ்சும்.

1. தொழிற்பாடு

மனிதச் செவிக்குக் கேட்கும் மீடிறன் வீச்சு 20 ஹேட்ஸ் முதல் 20 000 ஹேட்ஸ் வரையாகும். இதில் ஏறத்தாழ 100 ஹேட்ஸுக்குக் குறைந்த பகுதியை ஒலிப்பதே சப்வூபரின் வேலை. நிலையான காந்தத்தின் இடைவெளியில் ஒரு கம்பிச்சுருள் உண்டு. அதனூடாக ஆடலோட்டம் பாயும்போது, பிளெமிங்கின் இடக்கை விதிப்படி விசை தோன்றிச் சுருள் முன்னும் பின்னும் அசைகிறது. சுருளுடன் ஒட்டிய கூம்பு வளியைத் தள்ளுகிறது. இன்றைய ஒலிபெருக்கிகளுக்கு அடிப்படையான அமைப்பை அமெரிக்கரான ரைஸ், கெலொக் ஆகிய இருவரும் 1925 இல் வெளியிட்டனர்.

2. பழுதடையும் இரு வழிகள்

(அ) வெப்பத்தால்: சுருளுக்குக் கொடுக்கும் மின்வலுவில் மிகச் சிறு பங்கே ஒலியாகும். மிகுதி வெப்பமாகும். வெப்பம் வெளியேறும் வேகத்தை விடக் கூடுதலாக உண்டானால் சுருளின் பசை இளகும், காவலி கருகும்.

(ஆ) பொறிமுறையால்: கூம்பு எல்லை மீறி அசைந்தால் விளிம்பு கிழியும், சுருள் காந்தத்தில் உரசும். பெட்டியினுள் அடைபட்ட வளி வில்லைப் போல் கூம்பைத் தடுத்து வைக்கிறது. பெட்டியில் காற்றுக் கசிந்தால் அத்தடுப்புக் குறையும்.

3. வெட்டுப்பட்ட அலை

விரியலாக்கியால் (அம்ப்) கொடுக்க முடிந்த எல்லைக்கு மேல் ஒலியைக் கூட்டினால் அலையின் உச்சிகள் வெட்டுப்பட்டுத் தட்டையாகும். உச்ச அழுத்தம் 20 வோல்ற்று, தடை 4 ஓம் எனக் கொள்வோம்.

சீரான சைன் அலை: வலு = (20 × 20) ÷ (2 × 4) = 50 வாற்று
முற்றாக வெட்டுப்பட்ட சதுர அலை: வலு = (20 × 20) ÷ 4 = 100 வாற்று

எனவே 50 வாற்று விரியலாக்கியும் 75 வாற்றுச் சுருளை எரிக்கக்கூடும். "சின்ன அம்ப் தானே" என்று கவலையின்றி இருத்தல் தவறு.

4. ஒரு சம்பவம்

என் சாச்சாவின் மகன் வான் வைத்து ஹயர் ஓடுபவர். அவரது சப்வூபர் கருகியது. புதியது பூட்டி மூன்று கிழமைக்குள் அதுவும் கருகியது. ஹயர் ஓடிச் சேர்த்த காசு இரு முறை போயிற்று. மூன்றாவதை வாங்கு முன் பல்மானியை எடுத்து அளந்து பார்த்தோம். நான் கலைப்பட்டதாரி; என்னிடம் இருந்தது சாதாரண தர ஓமின் விதி மட்டுமே.

எஞ்சின் இயங்கும்போது பற்றரியில் 13.8 வோல்ற்று. பாட்டு ஒலிக்கும்போது விரியலாக்கியில் 11.4 வோல்ற்று. குறைந்த 2.4 வோல்ற்றும் 'எர்த்' இணைப்பிலேயே இருந்தது. கழற்றிப் பார்த்தால் கடற்காற்றின் உப்பால் திருகாணி துருப்பிடித்திருந்தது.

ஓட்டம் 20 அம்பியர் எனக் கொண்டால்,
இணைப்பின் தடை = 2.4 ÷ 20 = 0.12 ஓம்
இணைப்பில் வீணாகும் வலு = 2.4 × 20 = 48 வாற்று

அழுத்தம் குறைந்ததால் ஒலி மந்தமானது, மந்தமானதால் அவர் 'கெயின்' திருகியைக் கூட்டினார், கூட்டியதால் அலை வெட்டுப்பட்டது, சுருள் கருகியது. துருவைச் சுரண்டித் திருகாணியை மாற்றி, கெயினைக் குறைத்த பின் மூன்றாவது சப்வூபர் கருகவில்லை.

5. பாதுகாப்பு முறைகள் (மனனம் செய்க)

• மட்டைப்பெட்டியில் பெரிதாக அச்சிட்ட 'மெக்ஸ்' வாற்றை அன்றி, 'ஆர்எம்எஸ்' வாற்றைப் பார்த்து விரியலாக்கியுடன் பொருத்துக.
• ஒலி கரகரத்தால் உடனே குறைக்குக. கருகல் மணம் வந்தால் நிறுத்துக.
• பற்றரிக்கு அருகில், ஏறத்தாழ 45 சென்ரிமீற்றருக்குள் உருகி இடுக. உருகி காப்பது வயரையும் வாகனத்தையுமே. கருகும் சுருளை அது காக்கும் என நம்பற்க.
• எர்த் இணைப்பில் வர்ணத்தைச் சுரண்டி இறுக்குக. கரையோர ஊர்களில் அடிக்கடி சோதிக்குக.
• விரியலாக்கிக்குக் குறிக்கப்பட்ட இழிவுத் தடைக்குக் கீழே இணைக்கற்க.

6. மாதிரி வினா

4 ஓம் ஒலிபெருக்கிகள் இரண்டு 20 வோல்ற்று வழங்கலுக்குச் (அ) சமாந்தரமாக, (ஆ) தொடராக இணைக்கப்படுகின்றன. மொத்த ஓட்டம் யாது? 4 ஓமுக்குக் குறையாத தடை தேவைப்படும் விரியலாக்கிக்கு எது ஆபத்தானது?

விடை: (அ) மொத்தத் தடை 2 ஓம், ஓட்டம் 10 அம்பியர். (ஆ) மொத்தத் தடை 8 ஓம், ஓட்டம் 2.5 அம்பியர். சமாந்தர இணைப்பே ஆபத்தானது.

கவனிக்க: பலர் "இரண்டு பூட்டினால் சுமை பாதியாகும்" என எழுதிப் புள்ளி இழப்பர். சமாந்தரத்தில் தடை குறையும், ஓட்டம் கூடும். விடைத்தாளில் இப்பிழை விட்டால் இரண்டு புள்ளி போகும். வானில் விட்டால் அம்பே போகும்.