நீடித்த வளர்ச்சியை எஸ்டிமேட்டில் எழுதுங்கள்

சிவில் துறையில் புதிதாக ஆசிரியப் பணிக்கு வந்திருக்கும் தம்பி, தங்கைகளுக்கு, அதே வகுப்பறைகளில் நெடுங்காலம் நின்றவன் என்ற உரிமையில் சிலவற்றைச் சொல்கிறேன்.

1. வரையறையில் தொடங்காதீர்கள். 1987இல் புருண்ட்லாண்ட் ஆணையம் சொன்னதை மாணவர்கள் இரண்டு மதிப்பெண்ணுக்கு மனப்பாடம் செய்து எழுதிவிடுவார்கள், தேர்வு முடிந்ததும் மறந்தும்விடுவார்கள். 'வருங்காலத் தலைமுறை' இருபது வயதுக்காரருக்கு எட்டாத தூரம். நாளை அவர் கையெழுத்துப் போடப்போகும் சிமென்ட் இண்டென்ட் பக்கத்தில்தான் இருக்கிறது. அங்கிருந்து ஆரம்பியுங்கள்.

2. தனிப் பாடமாக ஒதுக்கிவிடாதீர்கள். சுற்றுச்சூழல் பாடம் ஒரு பருவத்தில் வரும், போகும். ஆர்.சி.சி. டிசைனும் எஸ்டிமேஷனும் எடுக்கிறவர்கள் அதைப் பற்றி வாயே திறக்காவிட்டால், 'இது வேறு, நிஜ வேலை வேறு' என்றுதான் பிள்ளைகள் முடிவு கட்டுவார்கள். அங்கீகாரக் கோப்பில் சி.ஓ., பி.ஓ. அட்டவணையை நிரப்புவதோடு நம் கடமை முடிவதில்லை.

3. கணக்குப் போட வையுங்கள். காங்கிரீட் டெக்னாலஜி வகுப்பில் பலகையில் ஒரே ஒரு சமன்பாடு போதும். நூறு கிலோ சுண்ணாம்புக்கல்லைச் சுட்டால் 56 கிலோ சுண்ணாம்பு மிஞ்சும். 44 கிலோ கார்பன் டை ஆக்சைடாகக் காற்றில் போகும். சூளையில் நிலக்கரி எரிந்தாலும் வேறெது எரிந்தாலும் அந்த 44 குறையாது. உலகம் வெளிவிடும் கார்பன் டை ஆக்சைடில் ஏறத்தாழ 8 சதவீதம் சிமென்டால் வருவது ஏன் என்று அப்போதுதான் விளங்கும்.

அடுத்து வீட்டுக் கணக்கு. ஆயிரம் சதுர அடி வீடு. சதுர அடிக்கு 0.4 மூட்டை என்று சைட்டில் போடும் உத்தேசக் கணக்குப்படி 400 மூட்டை, அதாவது 20 டன். ஓ.பி.சி.யில் கிளிங்கர் 95 சதவீதம் என்று வைத்தால் 19 டன். ஒரு டன் கிளிங்கருக்குச் சூளைப் புகையும் சேர்த்து 0.85 டன் என்று கொண்டால் 16 டன் வாயு. அதே வீட்டை 30 சதவீதம் நிலக்கரிச் சாம்பல் கலந்த பி.பி.சி.யில் கட்டினால் கிளிங்கர் 13 டன்னுக்கு இறங்கும், வாயு 11 டன். ஒரு வீட்டில் 5 டன் மிச்சம். இண்டென்டில் ஓர் எழுத்தை மாற்றியதால் வந்தது இது. இந்தக் கணக்கைத் தன் கையால் போட்ட மாணவி அதை மறக்கமாட்டாள்.

இதோடு நிறுத்தாதீர்கள். நிலக்கரி மின்சாரம் குறையக் குறைய இந்தச் சாம்பலும் அரிதாகும். சுட்ட களிமண்ணும் சுண்ணாம்புக்கல் தூளும் கலந்த சிமென்டுக்கு 2023இல் ஐ.எஸ். 18189 வந்திருக்கிறது. பாடநூலில் ஏறும்வரை காத்திருக்காமல் இப்போதே சொல்லிக்கொடுங்கள்.

4. கட்டடத்தின் ஆயுளைப் பேசுங்கள். நம் வகுப்புகளில் மிகவும் விடுபட்டுப்போவது இதுதான் என்பது என் திடமான எண்ணம். பி.பி.சி. மெல்லத்தான் வலுப்பெறும். ஓ.பி.சி.க்குக் குறைந்தது 7 நாள் கியூரிங் என்றால் கலப்புச் சிமென்டுக்கு 10 நாள் என்கிறது ஐ.எஸ். 456. மூன்றாம் நாளே தண்ணீர் விடுவதை நிறுத்திவிட்டால் மேலே போட்ட கணக்கெல்லாம் வீண்.

தளம் போடும் இடத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போய், கம்பிக்கு அடியில் குனிந்து பார்க்கச் சொல்லுங்கள். கவர் பிளாக் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு ஜல்லித் துண்டைச் செருகியிருப்பார்கள். கலவைச் சட்டியோடு நாலு பேர் மிதித்து நடந்ததும் ஜல்லி நழுவும். கம்பி சென்ட்ரிங் தகட்டிலேயே படுத்துவிடும். குறைந்தது 20 மி.மீ. மூடியிருக்க வேண்டிய இடத்தில் சிமென்ட் பால்தான் இருக்கும். கடலோர ஊராக இருந்தால் உப்புக்காற்றில் கம்பி துருவேறி உப்பி, காங்கிரீட்டைப் பெயர்த்துத் தள்ளும். இருபது ஆண்டில் இடித்துக் கட்டும் கட்டடம், எந்தச் சிமென்டில் கட்டியிருந்தாலும், இரண்டு கட்டடத்துச் சரக்கைத் தின்ற கட்டடம். ஒரு கவர் பிளாக்கை வகுப்புக்குக் கொண்டுவந்து கைமாற்றி எல்லோரும் பார்க்க விடுங்கள்.

5. இறுதியாண்டு புராஜெக்டுகளைக் கேள்வி கேளுங்கள். 'சிமென்டுக்குப் பகுதி மாற்று' என்ற தலைப்பில் முட்டை ஓட்டுத் தூளும் தேங்காய்ச் சிரட்டைச் சாம்பலும் ஆண்டுதோறும் வருகின்றன. ஆர்வத்தைக் குலைக்காதீர்கள், ஆனால் 28ஆம் நாள் கியூப் உடைந்த எண்ணோடு விட்டும்விடாதீர்கள். அந்தச் சரக்கு எத்தனை கிலோமீட்டருக்குள் எத்தனை டன் கிடைக்கும்? அரைக்கவும் சுடவும் ஆகும் எரிபொருள் யார் கணக்கில்? குளோரைடு ஊடுருவல் சோதனை செய்தீர்களா? முட்டை ஓடும் கால்சியம் கார்பனேட்தான். அதைச் சுட்டுச் சுண்ணாம்பாக்கினால் சுண்ணாம்புக்கல்லைப் போலவே வாயுவை விடும். பலகையில் எழுதிய சமன்பாட்டை அந்த மாணவர் அப்போது மறுபடி நினைத்துப் பார்க்கட்டும்.

6. எளிய விடை தராதீர்கள். பாலாற்றிலும் காவிரியிலும் கொள்ளிடத்திலும் மணல் அள்ளிப் படுகை தாழ்ந்தது, கரையோரக் கிணறுகளில் நீர் இறங்கியது. அதற்கு மாற்று எம்-சாண்ட் என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கம் புரட்டிவிடலாகாது. எம்-சாண்ட் குன்றை உடைத்து வருகிறது. ஆறு தப்பினால் குன்று போகிறது. குன்றை உடைப்பதைச் சற்றே குறைக்க வழி உண்டு: இடித்த காங்கிரீட்டை உடைத்துக் கிடைக்கும் ஜல்லியை எம்25 வரையிலான ஆர்.சி.சி.யில் 20 சதவீதம் சேர்க்க 2016இல் திருத்திய ஐ.எஸ். 383 அனுமதிக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, 'இவ்வளவு பெரிதாகக் கட்டத்தான் வேண்டுமா' என்ற கேள்வியை டிசைன் வகுப்பில் துணிந்து கேளுங்கள். எலிப்பொறிக் கட்டுமுறையில் (ரேட்-டிராப் பாண்ட்) சுவர் எழுப்பிச் செங்கல்லில் ஏறத்தாழ கால் பங்கை மிச்சப்படுத்தலாம் என்று கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் திருவனந்தபுரத்தில் கட்டியே காட்டியிருக்கிறார். அந்தக் கட்டுமுறையைப் பிள்ளைகள் ஆய்வகத்தில் தாங்களே அடுக்கிப் பார்க்கலாம்.

7. சர்வே கேம்ப்பை வீணடிக்காதீர்கள். டோட்டல் ஸ்டேஷன் பழகுவதற்கு மொட்டைப் பொட்டல் எதற்கு? ஓர் ஏரிக்குப் போங்கள். பழைய புல வரைபடத்தைக் கையில் கொடுத்து, வரத்துக் கால்வாய் எங்கே தொடங்கி எங்கே அடைபட்டிருக்கிறது, கலங்கல் வழிந்தால் தண்ணீர் அடுத்த ஏரிக்கு எந்த வழியாகப் போகும் என்று லெவல் எடுத்துக் குறிக்கச் சொல்லுங்கள். மடை திறக்கும் பெரியவர் ஊரில் இருந்தால் அவரையும் ஒரு பொழுது பேச வையுங்கள். 2015 டிசம்பரில் சென்னை ஏன் மூழ்கியது, பள்ளிக்கரணைச் சதுப்பு 2022இல் ராம்சார் பட்டியலில் ஏன் சேர்ந்தது என்று பிறகு தனியாக விளக்க வேண்டியிராது.

மழைநீர்க் கணக்கும் அங்கேயே போடலாம். 93 சதுர மீட்டர் மொட்டை மாடி, ஆண்டுக்குச் சுமார் 1,400 மி.மீ. மழை, ஐந்தில் ஒரு பங்கு கழிவு. சென்னையில் ஆயிரம் சதுர அடி வீட்டுக்கு ஆண்டுக்கு ஒரு லட்சம் லிட்டர். மழைநீர் சேகரிப்புக்கு 2003இலேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்துவிட்டது. தங்கள் வீட்டுக் குழியைத் தூர் வாரி எத்தனை நாளாயிற்று என்று மாணவர்கள் பார்த்துவரட்டும்.

8. சித்தாளை மறக்காதீர்கள். வெயிலில் செங்கல் சுமக்கும் பெண்ணுக்குக் கழிப்பறை இல்லாத சைட்டில் எந்தப் பசுமைச் சான்றிதழுக்கும் பொருளில்லை. எஸ்டிமேட்டில் அதற்கு ஒரு வரி எழுதாதவருக்கு நான் முழு மதிப்பெண் தரமாட்டேன். நீங்களும் தராதீர்கள்.

9. பிள்ளைகளைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தாதீர்கள். உலகம் கெட்டதற்கு அவர்கள் காரணமில்லை. முதல் வேலையில் அவர்களுக்கு அதிகாரமும் இராது. ஆனாலும் கம்பி வெட்டும் பட்டியல், கவர் பிளாக், தண்ணீர் விடும் நாள், சிமென்ட் வகை ஆகிய நாலும் ஜூனியர் இன்ஜினியரின் கையில் இருப்பவை. அந்த நாலையும் மேஸ்திரியிடமும் கான்டிராக்டரிடமும் ரூபாய்க் கணக்கில் எடுத்துச் சொல்லப் பழக்குங்கள்.

இவை அத்தனையையும் ஒரே பருவத்தில் செய்ய முடியாது. உங்கள் பாடத்தில் ஏற்கெனவே நடத்தும் கணக்கு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள்; அதன் விடைக்குக் கீழே கார்பனுக்கு ஒரு வரி, தண்ணீருக்கு ஒரு வரி சேருங்கள். உள்மதிப்பீட்டுத் தேர்வில் அந்த இரண்டு வரிக்கும் மதிப்பெண் போடுங்கள். இந்தப் பருவத்துக்கு அது போதும்.