பல கலையும் ஒரு நிலையும்: வீணை எஸ். பாலசந்தர்

"பல மரங் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டான்" என்பது நம் நாட்டுப் பழமொழி. பாடநூல்களை ஒருபுறம் வைத்துவிட்டுப் பாட்டு, நாடகம், படப்பிடிப்பு என்று காலங்கழிக்கும் மாணாக்கரை இடித்துரைக்கும் பெரியோர் இதனையே எடுத்தாளுவர். அவ்விடித்துரையில் அன்பும் உண்டு, உண்மையும் உண்டு. ஆயினும், ஒருவன் பல கலைகளிற் புகுதல் எஞ்ஞான்றும் சிதறுதலேயாமோ? அன்றி, அப்பலவும் ஒன்றனை ஆக்குதற்குரிய படிகளாதலும் கூடுமோ? இவ்வினா நம் கல்லூரியிற் பயிலும் இளைஞர் பலருக்கும் வாழ்க்கை வினாவாக இருத்தலின், அதற்கு ஓர் உண்மை வாழ்க்கையைக் கொண்டு விடை காண முயல்வோம். நடிகராய், இசையமைப்பாளராய், திரைப்பட இயக்குநராய் விளங்கி, முடிவில் வீணை வித்துவானாக உலகறிய நின்ற எஸ். பாலசந்தர் (1927-1990) என்பாரின் வரலாறே ஈண்டு ஆராயப்படுவது.

மரக்காணத்து உப்பளம்

அவ்வரலாற்றினுட் புகுமுன் மரக்காணத்து உப்பளங்களை ஒருமுறை கண்டு வருவோமாக. விழுப்புரம் மாவட்டத்தில், சென்னைக்கும் புதுச்சேரிக்கும் இடையே, கடலோரச் சாலையில் அமைந்தது இவ்வூர். மழை ஓய்ந்தபின் தொடங்கி, மீண்டும் வடகிழக்குப் பருவமழை இறங்குங்காறும் இங்கு உப்பு விளையும். உவர்நீரை முதலில் ஒரு பரந்த தேக்கத்தில் நிறுத்துவர். சேறும் மணலும் அங்கே படியும். பின்னர் அந்நீரைப் பாத்தி பாத்தியாக மாற்றுவர். வெயிலும் காற்றும் பட்டு நீர் செறிவுறச் செறிவுறச் சுண்ணாம்புச் சத்துடைய பொருள்கள் இடைப்பாத்திகளிலேயே படிந்துவிடும். கடல்நீர் ஏறத்தாழப் பத்திலொரு பங்காகச் சுருங்கிய பின்னரே கடைப்பாத்தியில் உப்பு மணிகட்டும். அப்போதும் நீரை முற்றும் வற்றவிடார். மீந்த கசப்பு நீரை வெளியேற்றி விடுவர். அது தங்குமாயின் உப்புக் கசக்கும். ஆகவே உப்பு விளைத்தல் என்பது நீரைச் சேர்ப்பது மட்டுமன்று. எதனை எவ்விடத்தில் விட்டுச் செல்லல் வேண்டுமென அறிவதுமாம்.

இக்கரைக்குக் கலையோடு உறவும் உண்டு. பத்துப்பாட்டினுள் ஒன்றாகிய சிறுபாணாற்றுப்படை, ஓய்மானாட்டு நல்லியக்கோடனை நல்லூர் நத்தத்தனார் பாடியது. அதன்கண் வரும் எயிற்பட்டினம் மரக்காணத்தைச் சார்ந்த கடற்றுறையே என்று ஆராய்ச்சியாளர் கருதுவர். சிறிய யாழைத் தாங்கிய பாணனும் ஆடலிலும் பாடலிலும் வல்ல விறலியரும் செல்லும் வழியையே அப்பாட்டுக் காட்டுகின்றது. உப்பு வணிகராகிய உமணரின் வண்டிகளும் அவ்வழியில் வருகின்றன. இசை வேறு, கூத்து வேறு எனப் பிரித்து நில்லாத கலைஞர் நம் முன்னோர்க்குப் புதியவரல்லர் என்பதற்கு இதுவே சான்றாகும்.

இவ்வுப்பளங்களருகே வந்து முடிவதுதான் ஆந்திரக் கரையினின்று தெற்கே வரும் பக்கிங்காம் கால்வாய். உப்பும் விறகும் ஏற்றிய படகுகள் முற்காலத்தில் அதன் வழியே சென்னைக்குச் சென்றன. அக்கால்வாயோடு வடக்கே சென்றால் மயிலாப்பூரை அடையலாம். நம் கலைஞர் தோன்றியது அவ்வூரிலேயே.

இளமை

1927-ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 18-ஆம் நாள் பாலசந்தர் பிறந்தார். தந்தையார் சுந்தரமையர் வழக்கறிஞர். கலைஞர்கள் வந்து கூடும் இல்லம் அவருடையது. பாபநாசம் சிவன் அவ்வீட்டிற் பழகியவர். 1934-இல் பிரபாத் நிறுவனத்தார் 'சீதா கல்யாணம்' என்னும் தமிழ்ப் படத்தை எடுத்தபோது அக்குடும்பமே திரையில் தோன்றிற்று. தமையனார் எஸ். இராஜம் இராமனாகவும், தமக்கையார் ஜெயலட்சுமி சீதையாகவும், தந்தையார் சனகராகவும் நடித்தனர். உடன்பிறந்தார் இருவர் இராமனும் சீதையுமாக நடித்தமை அந்நாளிற் பேச்சுக்கு இடமாயிற்று. ஏழு வயதுச் சிறுவனாகிய பாலசந்தர் இராவணன் அவையிற் கஞ்சிரா வாசிப்பவனாகத் தோன்றினார். முதற்படியிலேயே இசையும் நடிப்பும் படக்கருவியும் ஒருங்கே அவரை வந்தடைந்தன என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

கஞ்சிராவில் தொடங்கிய கை, தபலா, ஆர்மோனியம், சிதார் எனப் பல கருவிகளிலும் படிந்தது. இறுதியில் வீணையைத் தொட்டார். அதனை எந்த ஆசிரியரிடத்தும் அமர்ந்து கற்றாரல்லர். தாமே முயன்று பயின்றார். குருகுல மரபையே உயிராகக் கொண்ட கருநாடக இசையுலகில் இஃது எளிய செய்தியன்று. குரு பெயரைச் சொல்லி அவையேறுவார் நடுவே, தம் வாசிப்பு ஒன்றையே சான்றாகக் கொண்டு அவர் நிற்க வேண்டியதாயிற்று.

இருளும் ஒளியும்

நிற்க. இசையரங்குகளில் அவர் பெயர் வளர்ந்துவந்த காலத்திலேயே திரைப்படமும் அவரை விட்டபாடில்லை. 1948-இல் வெளிவந்த 'இது நிஜமா' என்ற படத்தில் இரட்டை வேடம் பூண்டு நடித்ததோடு இசையும் அமைத்தார். அவ்வாண்டிலேயே 'என் கணவர்' என்ற படத்தை இயக்கினார். 1951-இல் 'கைதி' அவர் இயக்கத்தில் வந்தது. இவையெல்லாம் பயிற்சிப் பாத்திகள் என்னலாம். அவற்றிற் செறிந்த திறம் 1954-இல் 'அந்த நாள்' என்னும் படத்தில் வெளிப்பட்டது.

ஏவி.எம். நிறுவனத்தார் தயாரித்த அப்படத்துக்குக் கதையும் உரையாடலும் எழுதியவர் ஜாவர் சீதாராமன், ஒளிப்பதிவு மாருதிராவ். இரண்டாம் உலகப் போரின்போது, 1943-ஆம் ஆண்டு அக்டோபரில், சப்பானிய வானூர்தி சென்னையிற் குண்டு வீசியதை அடுத்துக் கதை தொடங்குகிறது. இராஜன் என்னும் வானொலிப் பொறியாளன் சுடப்பட்டுக் கிடக்கிறான். கொன்றவர் யாவர்? அண்டை வீட்டார், தம்பி, தம்பி மனைவி, காதற்கிழத்தி, மனைவி ஆகிய ஒவ்வொருவர் வாயிலாகவும் ஒவ்வொரு வகையாக அந்நிகழ்ச்சி விரிகின்றது. ஒரே அறை, ஒரே துப்பாக்கி. எனினும், சொல்பவர் மாறுந்தோறும் காட்சியும் மாறுகின்றது. சப்பானிய இயக்குநர் குரோசாவாவின் 'ராஷோமோன்' (1950) என்ற படத்தோடு அறிஞர் இதனை ஒப்பிடுவது இக்கூற்று முறை பற்றியே. முகத்தின் ஒரு பாதியை இருளில் நிறுத்தி மறுபாதியை ஒளியிற் காட்டும் படப்பிடிப்பு, கதைமாந்தரை ஐயுறுமாறு நம்மைத் தூண்டுகின்றது. படக்கருவி ஈண்டுக் காட்சியைப் பதிவு செய்யும் கருவி மட்டுமன்று. தானே சாட்சி கூறுகின்றது. தலைமை நடிகராகிய சிவாஜி கணேசன் நாட்டைக் காட்டிக் கொடுப்பவனாகவும், பண்டரிபாய் நாட்டன்பிற்கும் இல்லறத்திற்கும் இடையே தவிக்கும் மனைவியாகவும் நடித்தனர்.

எல்லாவற்றினும் வியக்கத்தக்கது ஒன்றுண்டு. அப்படத்திற் பாட்டே இல்லை, ஆடலும் இல்லை. ஒரு படத்திற் பத்துப் பதினைந்து பாட்டுகள் இருந்தாலன்றி மக்கள் கொட்டகைக்கு வாரார் என்றிருந்த காலம் அது. தமிழிற் பாட்டில்லாத முதற்படம் என்று வரலாற்று நூல்கள் இதனைக் குறிக்கின்றன. இசையறியாத ஒருவர் பாட்டை நீக்கியிருப்பின் அதில் வியப்பில்லை. கஞ்சிரா முதல் வீணை வரை பயின்ற ஒருவர், கதைக்குப் பாட்டு இடையூறு என்று கண்டு, தம் கையிலிருந்த பெருஞ்செல்வத்தைத் தாமே விலக்கினார். இது துறவன்று, தேர்ச்சியாகும். எவ்விடத்தில் ஒலி கூடாதென்பதை இசைவாணனே நன்கறிவான் அன்றோ?

அத்துணிவுக்கு விலை கொடுக்கவும் நேர்ந்தது. பாட்டை எதிர்பார்த்து வந்தோர் ஏமாற்றமுற்றனர். முதல் வெளியீட்டில் படம் பொருளளவில் வெற்றி பெறவில்லை. ஆயினும் மத்திய அரசின் திரைப்பட விருதுகளிலே தகுதிச் சான்றிதழ் பெற்றது. மறுவெளியீடுகளில் மக்கள் அதனை விரும்பிக் கண்டனர். இன்று தமிழ்த் திரைப்பட வரலாறு எழுதுவோர் எவரும் அதனை விடுத்து எழுதுவதில்லை.

பின்னர் 'அவன் அமரன்' (1958), 'அவனா இவன்' (1962), 'பொம்மை' (1964) முதலிய படங்களை இயக்கினார். 'பொம்மை'யின் இறுதியில் நடிகரோடு படத்திற்குழைத்த தொழிற்கலைஞரையும் திரையிலே தோன்றச் செய்து அறிமுகப்படுத்தினார். திரைக்குப் பின்னே நிற்போர் முகத்தை மக்கள் அறிதல் வேண்டும் என்ற அவ்வெண்ணம் பாராட்டற்குரியது. பின்னணிப் பாடகர் யேசுதாஸ் தமிழிற் பாடி வந்த தொடக்கப் படங்களுள் இதுவும் ஒன்று. 1970-இல் வெளிவந்த 'நடு இரவில்' என்ற படத்தோடு அவர் திரைப்பட இயக்கத்தினின்று விலகினார்.

கடைப்பாத்தி

இனி வீணையைக் காண்போம். வீணையில் மெட்டுக்கள் இருபத்து நான்கு, வாசிப்புத் தந்திகள் நான்கு, தாளத்துக்குரியன மூன்று. ஒவ்வொரு சுரத்துக்கும் ஒவ்வொரு மெட்டாகச் சென்று மீட்டினால் இசை மணி மணியாக உதிருமேயன்றி, மிடற்றிசை போல் இழைந்து வாராது. பாலசந்தர் ஒரே மெட்டில் விரலை ஊன்றித் தந்தியைப் பக்கவாட்டில் இழுத்து, அவ்விடத்திலேயே பல சுரங்களைப் பிறப்பித்தார். ஒருமுறை மீட்டிய நாதம் அடங்குமுன் அதனுள்ளேயே இராகத்தின் வளைவுகளைக் காட்டினார். கைவிரல் கன்றும் அப்பயிற்சியின் பயனாக வீணை பாடுவது போன்ற தோற்றம் உண்டாயிற்று. மரபிலே தோய்ந்த சிலர் இஃது அளவு மிஞ்சிய இழுப்பு என்று குறை கூறினர். கேட்டு உருகினோர் அவரினும் பலர். ஐரோப்பா, அமெரிக்கா முதலிய நாடுகளுக்குச் சென்று வாசித்தார்; அவர் இசைத்தட்டுக்கள் அங்கும் வெளியாயின. 72 மேளகர்த்தா இராகங்களையும் வீணையில் வாசித்துத் தொகுதியாக அளித்தார். 1982-இல் பத்மபூஷண் விருது அவரை அடைந்தது.

திரைப்படத்தில் அவர் கற்றது வீணைக்குப் பயன்பட்டதோ எனின், பயன்பட்டது என்பதே என் கருத்து. ஒரு காட்சியை எத்துணை நேரம் நிறுத்துவது, எப்போது வெட்டுவது, எப்போது மௌனம் காப்பது என்பவற்றைப் படத்தொழில் கற்பிக்கின்றது. அவருடைய ஆலாபனையிற் காணும் நிதானமும், ஒரு சுரத்தின் மீது நெடிது நின்று பின் திடீரென விலகும் முறையும், 'அந்த நாள்' படத்தைக் கண்டார்க்குப் புதியனவாகத் தோன்றா.

அவருடைய வாழ்வில் கசப்பும் இருந்தது. அதனை மறைத்தல் வரலாறாகாது. தாம் உண்மையெனக் கொண்டதற்காக வாதிடுவதில் அவர் ஓயாதவர். சுவாதித் திருநாள் இயற்றியன என வழங்கும் கிருதிகளைப் பற்றி 1980-களில் அவர் எழுப்பிய ஐயம் பெரும் பூசலாயிற்று. மூத்த வித்துவான்களோடு பகை நேர்ந்தது. வீணைக்குச் செலவாகியிருக்க வேண்டிய ஆண்டுகள் சில கடிதங்களிலும் கண்டனங்களிலும் கழிந்தன. உப்பளத்தார் கசப்பு நீரை வெளியேற்றுவது போல இதனையும் அவர் விலக்கியிருக்கலாகாதா என்று அன்பர் வருந்துவதுண்டு.

1990-ஆம் ஆண்டு ஏப்பிரல் 13-ஆம் நாள், இன்று சத்தீசுகர் மாநிலத்திலுள்ள பிலாய் நகரில் அவர் உயிர் நீத்தார். 'அந்த நாள்' வெளியானதும் முப்பத்தாறு ஆண்டுகளுக்கு முன் அதே ஏப்பிரல் 13-ஆம் நாளில்தான்.

இரு சகோதரர்

அவருடைய தமையனார் இராஜம் (1919-2010) மற்றொரு வழியைக் காட்டினார். அவர் ஓவியமும் பாட்டும் ஆகிய இரண்டினையும் இறுதிவரை ஒருங்கே வளர்த்தார். சென்னை ஓவியப் பள்ளியிற் பயின்று, சென்னை வானொலி நிலையத்தில் இசைப் பணியாற்றினார். தியாகராஜர், முத்துசாமி தீட்சிதர், சியாமா சாஸ்திரி ஆகிய மும்மூர்த்திகளை நாம் இன்று மனக்கண்ணாற் காணும் வடிவம் பெரிதும் அவர் தூரிகை தந்ததே. எனவே, பல கலை பயின்றோர் யாவரும் ஒன்றனையே பற்றி மற்றவற்றை விடுதல் வேண்டும் என்னும் விதியும் இல்லை.

முடிவுரை

இவற்றால் நாம் பெறுவது யாது? பாலசந்தர் பல மரங் கண்ட தச்சரே, ஆயினும் வெட்டினார். ஒவ்வொரு கலையிலும் விளையாட்டாகப் புகாமல் உழைப்போடு புகுந்தார். அதிற் பெற்றதை அடுத்ததற்குக் கொண்டு சென்றார். வேண்டாததை அங்கேயே விட்டார். பழமொழி பழிப்பது மரத்தை மரமாகக் காணாது சுற்றித் திரிபவனையே. ஆதலின், பாட்டிலும் நாடகத்திலும் படப்பிடிப்பிலும் நாட்டமுள்ள மாணவ நண்பர்கள் நாணவும் வேண்டா, செருக்கவும் வேண்டா. தம்மைத் தாமே ஒன்று கேட்பாராக: இக்கலையில் நான் செறிவுற்றேனோ, அன்றித் தேங்கி நின்றேனோ? தேங்கிய நீர் உப்பாவதில்லை. வெயிலைத் தாங்கிப் பாத்தி தோறும் நகர்ந்த நீரே மணிகட்டும். மரக்காணத்து வழியே செல்வோர் சாலையோரத்தில் வெண்மலை போற் குவிந்து கிடக்கும் உப்பைக் காணும்போது இதனைச் சற்றே எண்ணிப் பார்ப்பாராக.