டிக்கெட் வாங்காமல் டிஸ்னி ஹோட்டல்களைச் சுற்றிப் பார்க்க

ஊரிலிருந்து அப்பா அம்மா அமெரிக்கா வந்து இறங்கியதும் பிள்ளைகள் போடும் பட்டியலில் நயாகராவுக்கு அடுத்து ஓர்லாண்டோ வந்துவிடும். நான் இருப்பது பக்கத்தில், டாம்பாவில். அதனால் வருஷத்துக்கு நாலைந்து குடும்பமாவது எங்கள் வீட்டில் தங்கிவிட்டுத்தான் டிஸ்னிக்குப் போகும். எல்லாரும் தடுமாறுவது ஒரே இடத்தில்தான். ஒரு நாள் டிக்கெட் தலைக்கு நூறு டாலருக்கு மேல், கூட்டமான நாளில் இன்னும் வெகு அதிகம். பெரியவர்களுக்கு முழங்கால் வலி, வெயிலில் வரிசையில் நிற்க முடியாது, சுற்றிச் சுழற்றும் வண்டி எதிலும் ஏறப் போவதும் இல்லை. "எங்களுக்கு எதுக்குப்பா அவ்ளோ காசு, நீங்க குழந்தைகளைக் கூட்டிட்டுப் போய்ட்டு வாங்க" என்று சொல்லிவிட்டு அறையிலேயே உட்கார்ந்துவிடுவார்கள். எனக்கு அது மனசு கேட்காது.

வால்ட் டிஸ்னி வேர்ல்டு என்பது நாலு பூங்கா மட்டும் இல்லை. ஏறக்குறைய 40 சதுர மைல் நிலம், அதற்குள் 25க்கும் மேற்பட்ட ஹோட்டல்கள். ஒவ்வொன்றும் ஒரு தனி ஊர்போலக் கட்டப்பட்டது. அவற்றின் முன்கூடம், தோட்டம், ஏரிக்கரை, கடை, உணவகம் இவற்றுக்குள் போக அறை எடுத்திருக்க வேண்டாம், பூங்கா டிக்கெட்டும் வேண்டாம். ஹோட்டல்களை இணைக்கும் மோனோரயில், படகு, கேபிள் கார் எதற்கும் கட்டணம் கிடையாது. பெரியவர்களோடு போகிறவர்களுக்குப் பூங்காவைவிட இதுதான் நல்ல நாள் என்பது என் முடிவு.

நாளைத் தேர்ந்தெடுப்பதில் சொல்ல அதிகம் இல்லை. கிறிஸ்துமஸ் வாரம், ஜூலை 4, மார்ச் பள்ளி விடுமுறை ஆகாது. செவ்வாய், புதன் நல்லது.

காரை எங்கே விடுவது என்பதில்தான் எல்லாரும் விழுகிறார்கள். போன வருஷம் வந்த ஒரு குடும்பம், வரைபடத்தில் மேஜிக் கிங்டம் என்று போட்டு நேராகப் பூங்காவின் பார்க்கிங்கில் போய்க் காசு கட்டிவிட்டது. அது பூங்காவுக்குப் போகிறவர்களுக்கான பார்க்கிங். இலவசமாகச் சுற்றக் கிளம்பியவர்கள் முதல் பத்து நிமிஷத்திலேயே பணம் கட்டியாயிற்று. காரில் போட வேண்டிய முகவரி ஹோட்டலுடையது, பூங்காவுடையது இல்லை.

ஹோட்டல் வாசலில் காவலாளி இருப்பார். கண்ணாடியை இறக்கி, டிரைவிங் லைசென்ஸைக் கொடுத்து, சாப்பிட வந்திருக்கிறோம் என்று சொன்னால் போதும். ஆனால் அது உண்மையாக இருக்க வேண்டும். கூட்டமான நாளில், அதுவும் மோனோரயில் போகும் ஹோட்டல்களில், உணவகத்தில் மேசை பதிவு இருக்கிறதா என்று பார்த்துத்தான் உள்ளே விடுவார்கள். ஆகவே என் விதி இது: ஒரு நாளைக்கு ஒரு ஹோட்டலில் ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு முன்பதிவு செய்துகொள்ளுங்கள், காரை அங்கேயே விடுங்கள். டிஸ்னியின் ஆப்பில் 60 நாளுக்கு முன்பே பதிவு திறந்துவிடும். மதியத்தைவிடக் காலைச் சாப்பாட்டுக்குச் செலவு குறையும். சாப்பிட வருபவர்களுக்குப் பார்க்கிங் இலவசம், நீங்களே நிறுத்திக்கொள்ளும் பக்கத்தில். சாவியை வாங்கிக்கொண்டு நிறுத்தித் தரும் வாலே பக்கம் போனால் கட்டணம் உண்டு.

பதிவு செய்து உள்ளே நுழைந்துவிட்டு அதை ரத்து செய்துவிடலாமே என்று யாராவது யோசனை சொல்வார்கள். கேட்காதீர்கள். கடைசி நேரத்தில் விட்டால் பல உணவகங்களில் தலைக்கு 10 டாலர் பிடித்துக்கொள்வார்கள் என்பது ஒரு பக்கம். அந்த மேசைக்காகக் காத்திருக்கும் இன்னொரு குடும்பமும் நம்மைப் போலத்தான் வயசானவர்களைக் கூட்டிக்கொண்டு வந்திருக்கும். பதிவு செய்தால் உட்கார்ந்து சாப்பிடுங்கள்.

அடுத்த தடுமாற்றம் இதைவிடப் பெரியது. ஒரு ஹோட்டலிலிருந்து இன்னொரு ஹோட்டலுக்கு நேர் பஸ் கிடையாது. பஸ்கள் எல்லாம் ஏதாவது ஒரு பூங்கா வாசலுக்கோ, டிஸ்னி ஸ்பிரிங்ஸ் கடைவீதிக்கோதான் போகும். பூங்காவின் பஸ் நிறுத்தம் டிக்கெட் கேட்கும் வாயிலுக்கு வெளியே இருப்பதால், அங்கே இறங்கி வேறு ஹோட்டலுக்குப் பஸ் மாறலாம், தடையில்லை. ஆனால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு மணி நேரம் போய்விடும். ஆறு ஹோட்டல் பார்க்கிறேன் என்று பட்டியல் போட்டுக்கொண்டு போனவர்கள் நாள் முழுக்க பஸ்ஸைத்தான் பார்த்தார்கள். ஹோட்டல் பெயரை வைத்துத் திட்டம் போடாதீர்கள், தண்ணீரை வைத்துப் போடுங்கள். ஒரு ஏரிக்கரை, ஒரு நாள். அவ்வளவுதான்.

முதல் ஏரி, மேஜிக் கிங்டத்துக்கு எதிரே இருக்கும் செவன் சீஸ் லகூன். இங்கே பாலினீஷியன், கிராண்ட் ஃபுளோரிடியன், கண்டெம்பரரி என்று மூன்று ஹோட்டல்களை மோனோரயில் வளையமாக இணைக்கிறது. பாலினீஷியனில் காலைச் சாப்பாட்டுக்குப் பதிவு செய்து, காரை விட்டுவிட்டு ரயிலேறுங்கள். அடுத்த நிறுத்தம் கிராண்ட் ஃபுளோரிடியன், பிறகு மேஜிக் கிங்டம், பிறகு கண்டெம்பரரி. அதைத் தாண்டினால் பயணச்சீட்டு மையம், மறுபடி பாலினீஷியன். ஹோட்டலில் ரயிலேறும் முன் பையைச் சோதிப்பார்கள், டிக்கெட் கேட்க மாட்டார்கள். மேஜிக் கிங்டம் நிறுத்தத்தில் மட்டும் கவனம் வேண்டும். அங்கே இரண்டு தடம் உண்டு, எக்ஸ்பிரஸில் ஏறினால் ஹோட்டல்களில் நிற்காமல் நேரே பயணச்சீட்டு மையத்தில் கொண்டு விட்டுவிடும். அப்படி ஆனாலும் பதற வேண்டாம், அங்கிருந்து பாலினீஷியனுக்குச் சில நிமிஷ நடைதான்.

கண்டெம்பரரியில் அவசரப்படாதீர்கள். டிஸ்னி வேர்ல்டு திறந்த 1971இலேயே பாலினீஷியனோடு சேர்ந்து திறந்த ஹோட்டல் இது. இரும்புச் சட்டகத்தை முதலில் நிறுத்தி, அறைகளை வேறிடத்தில் முழுசாகச் செய்து, கிரேனால் தூக்கி உள்ளே பொருத்தினார்கள். பொறியாளர் அப்பாக்கள் இந்த ஒரு விஷயத்துக்கே அரைமணி நிற்பார்கள். கட்டடத்தின் வயிற்றுக்குள் நுழைந்து மறுபக்கம் வெளியே போகும் ரயிலைக் கீழே நின்று அண்ணாந்து பார்க்க வேண்டும். நடுக்கூடத்தில் 90 அடி உயரத்துக்கு டிஸ்னி ஓவியர் மேரி பிளேர் வரைந்த, ஓடு பதித்த சித்திரம் இருக்கிறது. அதில் ஓர் ஆட்டுக்கு ஐந்து கால். பேரப்பிள்ளைகள் கூட வந்தால் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள், நீங்கள் அதற்குள் ஒரு காபி குடித்துவிடலாம். 1973 நவம்பரில் அதிபர் நிக்சன், தான் திருடன் இல்லை என்று பத்திரிகை ஆசிரியர்கள் முன்னால் சொன்னதும் இந்த ஹோட்டலில்தான்.

கிராண்ட் ஃபுளோரிடியன் 1988இல் திறந்தது. கலிஃபோர்னியாவின் பழைய கொரனாடோ ஹோட்டலின் சாயலில், வெள்ளைச் சுவரும் சிவப்புக் கூரையுமாக இருக்கும். முன்கூடத்தில் உட்கார வசதியான நாற்காலிகள் உண்டு. அம்மாக்களை இங்கே உட்கார வைத்துவிட்டு நீங்கள் தோட்டத்தைச் சுற்றி வரலாம். இங்கிருந்து பாலினீஷியனுக்குக் கரையோரமாகவே நடந்துவிடலாம், பதினைந்து நிமிஷம் ஆகும். நடக்க முடிந்தவர்கள் ரயிலில் திரும்பாமல் இந்த வழியே வாருங்கள்.

மாலையில் பாலினீஷியன் மணல்கரையில் இடம் பிடித்துக்கொண்டால் ஏரிக்கு அக்கரையில் கோட்டை தெரியும். பூங்காவின் வாணவேடிக்கை அந்தக் கோட்டைக்கு மேலே விரியும், அதன் இசையும் கரைக்குக் கேட்கும். நேரம் நாளுக்கு நாள் மாறும், ஆப்பில் பார்த்துக்கொள்ளுங்கள். அரைமணி முன்னால் போய் உட்காருங்கள், விரிக்க ஒரு துண்டு இருந்தால் நல்லது. பாலினீஷியனில் விற்கும் அன்னாசி ஐஸ்கிரீம், டோல் விப், ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். தண்ணீரில் இறங்கக் கூடாது. பீட்டில்ஸ் பாட்டுக் கேட்டு வளர்ந்தவர்கள் யாராவது கூட இருந்தால் இதையும் சொல்லுங்கள்: அந்தக் குழுவைச் சட்டப்படி கலைக்கும் காகிதத்தில் ஜான் லெனன் கையெழுத்துப் போட்டது 1974 டிசம்பரில், இதே ஹோட்டலில்.

இரண்டாவது நாளுக்கு ஸ்கைலைனர் என்கிற கேபிள் கார். 2019 செப்டம்பரில் வந்தது. பாப் செஞ்சுரி ஹோட்டலில் தொடங்குங்கள். நாலு மாடி உயரப் பொம்மைகளும் விளையாட்டுச் சாமான்களும் நிற்கும், குழந்தைகளுக்குப் பிடிக்கும். அங்கே ஏரிப் பாலத்தின் மேல் இருக்கும் நிறுத்தத்தில் ஏறி, கரீபியன் பீச்சில் இறங்கி, எப்காட் பூங்காவுக்குப் போகும் கம்பிக்கு மாறுங்கள். வழியில் ரிவியரா ஹோட்டலில் இறங்கி, சுரங்க நடைபாதையில் இருக்கும் மொசைக் சித்திரங்களைப் பார்த்துவிட்டு மறுபடி ஏறலாம்.

எப்காட் நிறுத்தத்தில் இறங்கியதும்தான் ஆட்கள் திரும்பிவிடுகிறார்கள். எதிரே பூங்கா வாயில் தெரியும், டிக்கெட் இல்லையே, வழி முடிந்துவிட்டது என்று நினைத்து அதே பெட்டியில் ஏறிவிடுகிறார்கள். வழி முடியவில்லை. பூங்கா வாயிலுக்கு முதுகைக் காட்டிக் கால்வாய் ஓரமாக நடங்கள். சில நிமிஷத்தில் கிரெசன்ட் ஏரி வந்துவிடும். ஏரியைச் சுற்றிப் பீச் கிளப், யாட் கிளப், ஸ்வான், டால்ஃபின், போர்டுவாக். நிதானமாக நடந்தால் ஒரு சுற்றுக்கு அரைமணிதான், உட்கார்ந்து எழுந்து போனால் மூன்று மணி. ஸ்வான், டால்ஃபின் இரண்டும் மைக்கேல் கிரேவ்ஸ் வடிவமைத்து 1990இல் திறந்தவை. கூரை மேல் பல மாடி உயரத்துக்கு அன்னமும் மீனும் உட்கார்ந்திருக்கும். பக்கத்திலேயே இருக்கும் மற்ற மூன்றும் ராபர்ட் ஸ்டெர்ன் வடிவமைத்தவை, பழைய கிழக்குக் கடற்கரை ஊர்களின் மரவீடுகள்போல. நான் போர்டுவாக் பக்கத்தைச் சாயங்காலத்துக்கு வைத்துக்கொள்வேன். விளக்குப் போட்ட பிறகு அந்தப் பலகை நடைபாதை வேறு மாதிரி இருக்கும்.

கேபிள் கார் விஷயத்தில் இரண்டு எச்சரிக்கை. மின்னல் அடித்தால் நிறுத்திவிடுவார்கள். ஃபுளோரிடாவில் கோடைக்காலத்தில் மதியம் மூன்று மணிக்கு மேல் இடி மின்னல் சாதாரணம், ஆகவே ஜூன் முதல் செப்டம்பர் வரை போகிறவர்கள் காலையிலேயே கிளம்ப வேண்டும். இரவு அது நிற்கும் நேரத்தையும் முதலிலேயே பார்த்துவையுங்கள். விட்டுவிட்டால் கார் நிற்கும் இடத்துக்கு டாக்ஸிதான்.

மேசைப் பதிவு கிடைக்காதவர்களுக்கு ஒரு வழி. டிஸ்னி ஸ்பிரிங்ஸ் கடைவீதியில் பார்க்கிங் எல்லாருக்கும் இலவசம். அங்கிருந்து போர்ட் ஆர்லியன்ஸ் ஹோட்டலுக்கு ஆற்று வழியே படகு உண்டு. பஸ்களும் உண்டு, ஆனால் ஹோட்டலில் தங்குகிறீர்களா, பதிவு இருக்கிறதா என்று கேட்கக்கூடும். இல்லையென்றால் இல்லை என்று சொல்லி இறங்கிவிடுங்கள். போர்ட் ஆர்லியன்ஸின் பிரெஞ்சு குவார்ட்டர் பகுதியில் மாவைப் பொரித்துச் சர்க்கரைப் பொடி தூவித் தரும் பெனியே கிடைக்கும். முதன்முறை போகிறவர்கள் அரைநாள் ஒத்திகையாக இதைச் செய்து பார்க்கலாம்.

எல்லா ஹோட்டலுக்கும் பொதுவாக: நீச்சல் குளத்துப் பக்கம் போகாதீர்கள், அது தங்குபவர்களுக்கு மட்டும். அறைகள் இருக்கும் மாடி வராந்தாவிலும் திரியாதீர்கள், குழந்தைகளுக்கு இதை முதலிலேயே சொல்லிவையுங்கள். குடிக்கத் தண்ணீருக்குக் காசு கொடுக்க வேண்டாம், கவுன்ட்டர் உணவகத்தில் கேட்டால் ஐஸ் போட்ட தண்ணீர் சும்மா தருவார்கள். மோனோரயில், கேபிள் கார் இரண்டிலும் சக்கர நாற்காலியோடு ஏறலாம், பெரியவர்கள் வெட்கப்பட்டு வேண்டாம் என்றாலும் ஒன்று எடுத்துக்கொண்டு போங்கள்.

மூன்றாவது நாளுக்கு ஒரே ஹோட்டல் போதும், அனிமல் கிங்டம் லாட்ஜ். 2001இல் திறந்தது. அதற்கு ரயிலும் இல்லை, படகும் இல்லை, காரிலோ பஸ்ஸிலோதான் போக வேண்டும். கிடானி கட்டடத்தில் இருக்கும் சானா உணவகத்தில் மதியச் சாப்பாட்டுக்குப் பதிவு செய்யுங்கள். இந்தியச் சாயலில் ரொட்டித் தட்டு ஒன்று உண்டு. நான் ரொட்டியும் குல்ச்சாவும் வரும், தொட்டுக்கொள்ள ஒன்பது வகை. அசைவம் தொடாத அம்மாக்களுக்கு இதுவே தாராளம், இரண்டு பேருக்கு ஒரு தட்டு போதும். ஜன்னலுக்கு வெளியே புல்வெளியில் ஒட்டகச்சிவிங்கியும் வரிக்குதிரையும் மேயும். ஜன்னல் பக்க மேசை வேண்டும் என்று கேளுங்கள், கொஞ்சம் காத்திருக்க வேண்டியிருந்தாலும் கேளுங்கள்.

சாப்பிட்டதும் கிளம்பிவிடாதீர்கள். உச்சி வெயிலில் மிருகங்கள் நிழலில் ஒதுங்கிவிடும், நாலு நாலரைக்கு மேல்தான் மறுபடி வெளியே வரும். அதுவரை ஜாம்போ கட்டடத்துக்கு நடந்துபோய், முன்கூடத்தில் வைத்திருக்கும் ஆப்பிரிக்க முகமூடிகளையும் சிற்பங்களையும் பாருங்கள். பிறகு பின்பக்கக் கதவைத் திறந்துகொண்டு, புல்வெளிக்குள் நீண்டிருக்கும் பாறை மேட்டுக்குப் போங்கள். அங்கோலே மாடுகள் அங்கே வரும், ஆளுயரக் கொம்போடு. போன தடவை கோவையிலிருந்து வந்த ஒரு அத்தை அவற்றைப் பார்த்ததும், "நம்ம காங்கேயம் காளைக்கு அண்ணனாட்டம் இருக்குது கண்ணு" என்று சொல்லிவிட்டுக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றவர்தான், இருட்டும் வரை அந்த இடத்தைவிட்டு நகரவில்லை. அன்றைக்கு வேறெதற்கும் நேரம் ஒதுக்காதீர்கள்.