தோட்டத்துப் பாட்டி பேசுகிறார்: வெட்டி ஒட்ட எந்த மென்பொருள்?



சுங்கை பாக்காப், ஜாவி, நிபோங் திபால் பக்கம் நம் ஆட்கள் வந்தது ரப்பருக்கும் முன்னால். 19ஆம் நூற்றாண்டில் செபராங் பிறை முழுக்கக் கரும்புத் தோட்டங்கள் இருந்த காலத்திலேயே தமிழ்நாட்டிலிருந்து ஆள் கொண்டுவந்தார்கள். கரும்பு போய் ரப்பர் வந்தது, பிறகு செம்பனை வந்தது. இப்போது பத்து காவானில் தொழிற்சாலைகள். லயத்து வீட்டில் பிறந்து, இருட்டோடு எழுந்து பால் வெட்டப் போன தாத்தா பாட்டிகள் சிலர் இன்னும் நம் வீடுகளில் இருக்கிறார்கள். கலிடோனியா தோட்டத்து 99 கதவு பங்களாவுக்குப் போய்ப் பேய் வீடியோ எடுக்க நமக்கு நேரம் இருக்கிறது. அந்தத் தோட்டங்களில் உழைத்தவர்களை உட்கார வைத்துப் பேசச் சொல்லத்தான் யாருக்கும் நேரம் இல்லை!

அதனால் இந்தப் பாடம். பாட்டி ஒரு மணி நேரம் பேசியதைக் கைப்பேசியில் எடுத்துவிட்டோம். அதைப் பதினைந்து நிமிடமாக்கி வீட்டில் எல்லாரும் பார்க்க வேண்டும். காசு அதிகம் செலவழிக்க முடியாது. எந்த மென்பொருளைப் பிடிப்பது?

முதலில் ஒன்றைத் தள்ளிவிடுவோம். “பிரீமியர் புரோ கிரேக் வெர்ஷன் இருக்கு, வேணுமா?” என்று கேட்கும் நண்பர் எல்லார் வட்டத்திலும் உண்டு. வேண்டாம். திருட்டுப் பிரதியோடு வைரஸும் சேர்ந்து வரும். கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வகை வந்தால் பாட்டியின் பதிவும் அதோடு போய்விடும். முறையாக வாங்கினாலோ மாதம் 20 அமெரிக்க டாலருக்கு மேல். வருடத்துக்கு ஒன்றிரண்டு வீட்டு வீடியோ செய்கிறவருக்கு அது எதற்கு?

நமக்குத் தேவையானது கொஞ்சம்தான். வெட்டணும், ஒட்டணும், நடுவில் பழைய புகைப்படம் வைக்கணும், சத்தத்தைக் கூட்டிக் குறைக்கணும், தமிழில் பெயர் போடணும். இதெல்லாம் இலவச மென்பொருளிலேயே இருக்கிறது.

ஆகவே விலையை விட்டுவிட்டு உங்கள் கணினியைப் பாருங்கள். நான்கு அல்லது எட்டு ஜிபி ரேம் உள்ள பழைய மடிக்கணினி என்றால் ஷாட்கட் போதும். திறந்த மூல மென்பொருள். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். பதிவு செய்யச் சொல்லாது, வீடியோவில் முத்திரை குத்தாது. பார்க்க அழகாக இல்லை என்பது உண்மைதான், ஆனால் வேலை செய்யும். வீடியோ திக்கித் திக்கி ஓடினால் அமைப்புகளில் ‘ப்ராக்ஸி’ என்று ஒன்று இருக்கும், அதைப் போடுங்கள். சிறிய நகலை வைத்து வெட்டுவீர்கள், கடைசியில் அசல் தரத்திலேயே வெளிவரும்.

16 ஜிபி ரேமும் நல்ல கிராபிக்ஸ் அட்டையும் இருக்கிறதா? டாவின்சி ரிசால்வ் எடுங்கள். சினிமாவுக்கு நிறம் திருத்தப் பயன்படுவது. ஆஸ்திரேலியாவின் பிளாக்மேஜிக் நிறுவனம் 2009இல் இதை வாங்கி, இலவசப் பதிப்பும் விட்டது. காசு கொடுத்து வாங்கும் ஸ்டூடியோ பதிப்பு 295 டாலர், ஒரே தடவைதான். வீட்டு வேலைக்கு அது தேவைப்படாது. ஆனால் பழைய கணினியில் இதைப் போட்டுவிட்டு “ஹேங் ஆகுதுண்ணே” என்று வராதீர்கள்.

விண்டோஸ் 11இல் கிளிப்சாம்ப் கூடவே வருகிறது. 1080 தரம் வரை இலவசம். மைக்ரோசாப்ட் கணக்கு கேட்கும், இணையம் வேண்டும். வைர அடையாளம் போட்ட இசை, படங்களைத் தொட்டால் சந்தா கேட்கும், கவனம். ஆப்பிள்காரர்களுக்கு ஐமூவி இலவசம். கைப்பேசிச் செயலிகள் இரண்டு நிமிட வீடியோவுக்குச் சரி. ஒரு மணி நேரப் பேச்சைச் சின்னத் திரையில் வெட்டினால் கண்தான் வலிக்கும்.

எதை எடுத்தாலும், முழு வேலையையும் அதில் ஏற்றும் முன் ஒரு நிமிட ஒத்திகை செய்யுங்கள். மூன்று துண்டு வெட்டி, ஒரு தமிழ்த் தலைப்பு போட்டு, வெளியே எடுத்துப் பாருங்கள். சில மென்பொருள்கள் எல்லா வேலையையும் செய்யவிட்டு, கடைசியில்தான் முத்திரை போடும் அல்லது காசு கேட்கும்.

தலைப்புக்கு நான் கொடுக்கும் சோதனைச் சொல் ‘கொடுத்தோம்’. ஒற்றைக்கொம்பு ககரத்துக்கு முன்னாலும் கால் பின்னாலும் வந்தால் அந்த மென்பொருளுக்குத் தமிழ் தெரியும். கொம்பு இடம் மாறியோ, புள்ளி வட்டத்தோடு தனியாகவோ நின்றால் தெரியாது. முதலில் நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற யூனிகோட் எழுத்துருவுக்கு மாற்றிப் பாருங்கள். அப்படியும் உடைந்தால், தலைப்பை வேறிடத்தில் தட்டச்சு செய்து படமாக்கி உள்ளே வையுங்கள். 1980களிலேயே முரசு அஞ்சல் செய்து தமிழைக் கணினியில் ஏற்றிய முத்து நெடுமாறன் நம் நாட்டுக்காரர். அந்த நாட்டில் இருந்துகொண்டு பாட்டி பெயரை உடைந்த எழுத்தில் போடலாமா?

இன்னொரு தொல்லை: பத்து நிமிடம் போனதும் வாய் ஒரு பக்கம், பேச்சு ஒரு பக்கம் என்று விலகும். கைப்பேசி ஒவ்வொரு விநாடிக்கும் ஒரே எண்ணிக்கையில் படம் எடுப்பதில்லை, அதுதான் காரணம். இப்படிப்பட்ட கோப்பை உள்ளே இழுத்தால் ஷாட்கட்டே மாற்றித் தரட்டுமா என்று கேட்கும். ‘சரி’ சொல்லுங்கள். நேரம் பிடிக்கும், பரவாயில்லை. மின்விசிறிச் சத்தத்துக்கு மென்பொருளைத் தேடாதீர்கள், எடுக்கும்போதே விசிறியை அணையுங்கள். பின்னணிக்குச் சினிமாப் பாட்டு போட்டால் யூடியூப்பில் உரிமைக்காரர் கேட்பார். மாரியம்மன் கோயில் திருவிழாவில் நீங்களே எடுத்த மேளச் சத்தம் இருந்தால் அதைப் போடுங்கள்.

படம்பிடித்த கோப்பை வாட்சாப்பில் வீடியோவாக அனுப்பினால் தரம் போய்விடும். கம்பி போட்டு மாற்றுங்கள். மென்பொருள் சேமிக்கும் திட்டக் கோப்பில் வீடியோ இருக்காது, எங்கே வெட்டினோம் என்ற குறிப்பு மட்டும்தான். அசலை அழித்தால் எல்லாம் வெறுமை. ஒரு மணி நேரப் பதிவு 1080 தரத்தில் ஏறக்குறைய 4 முதல் 8 ஜிபி வரும். வெளி வன்தட்டில் ஒன்று, அண்ணன் வீட்டில் ஒன்று என இரண்டு பிரதி வையுங்கள். வெட்டாத அசலில்தான் பாட்டி நடுவில் சொன்ன ஊர்ப்பெயரும் பழைய கங்காணி பெயரும் இருக்கும்.

முடிந்ததை எம்பி4 கோப்பாக எடுத்து, பென்டிரைவில் போட்டு, பாட்டி வீட்டுத் தொலைக்காட்சியில் ஓட்டிப் பாருங்கள். பழைய தொலைக்காட்சி என்றால் பென்டிரைவை ‘ஃபேட் 32’ முறையில் தயார் செய்ய வேண்டியிருக்கும். அதில் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றைக் கோப்பு ஏறாது. பதினைந்து நிமிட வீடியோ அந்த அளவுக்குள்தான் வரும்.