கொல்லைக் காவல் நாய்: குட்டியிலேயே பழக்கும் முறை

பண்ருட்டியை அடுத்த திருவதிகை, காடாம்புலியூர், மேல்மாம்பட்டுப் பகுதிகளில் முந்திரிக் கொல்லையோ பலாத் தோப்போ வைத்திருப்பவர்களில் பலர் ஒரு நாயாவது வளர்க்கிறார்கள். பங்குனி, சித்திரையில் முந்திரிக் கொட்டை உதிரும்போதும், அதைத் தொடர்ந்து ஆனி வரை பலா முற்றும்போதும் இரவுக் காவலுக்கு நாய் வேண்டியிருக்கிறது. மணிலாக் கொல்லையில் காட்டுப்பன்றி இறங்கினால் முதலில் குரல் கொடுப்பதும் அதுதான்.

ஆனால் அதே நாய் கொட்டை பொறுக்க வரும் பெண்ணைக் கடித்துவிட்டாலோ, பக்கத்துக் கொல்லைக்காரரின் ஆட்டைப் பிடித்துவிட்டாலோ, காவலால் மிஞ்சியது ஒரே நாளில் கரைந்துவிடும். ஆட்டுக்கு விலை கொடுக்க வேண்டும். ஆள் வேலைக்கு வரத் தயங்கும். சட்டமும் சும்மா விடாது. 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 291-ஆம் பிரிவின்படி, தன் வசமுள்ள பிராணியால் மனித உயிருக்கு ஆபத்தோ கொடுங்காயமோ நேராமல் பார்த்துக்கொள்ளத் தவறியவருக்கு 6 மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம்.

நாய் முரடாக இருந்தால்தான் காவல் காக்கும் என்று எண்ணி, குட்டிக்கு மிளகாய்ச் சோறு போடுபவர்களும், இருட்டறையில் அடைப்பவர்களும், நாள் முழுதும் சங்கிலியில் கட்டிப் போடுபவர்களும் இன்றும் உண்டு. இதனால் நாய்க்குக் கிடைப்பது வீரம் அல்ல, வயிற்றுப்புண்ணும் பயமும்தான். பயந்த நாய்தான் காரணமில்லாமல் கடிக்கிறது. வேற்றாளைக் கண்டு குரைக்க நாய்க்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஆறேழு மாதம் ஆனால் நம் நாட்டு நாய் தானாகவே இடத்தைத் தன்னுடையதாக நினைத்துக் குரைக்கத் தொடங்கிவிடும். எதைக் கண்டால் பேசாமல் இருக்க வேண்டும் என்பதைத்தான் நாம் கற்றுத்தர வேண்டும். அதற்கு உரிய காலம் முதல் மூன்று மாதம்.

குட்டியை எப்போது எடுப்பது?

நாய்க்குட்டிக்குப் பத்திலிருந்து பதினான்கு நாளில் கண் திறக்கும். கண் திறந்து தத்தித் தத்தி நடக்க ஆரம்பித்ததுமே, 25 நாளில், 30 நாளில் தூக்கி வந்துவிடுவது ஊர் வழக்கம். இது தவறு. குட்டிகள் ஒன்றோடொன்று கடித்து விளையாடும்போது, பலமாகக் கடித்தால் மற்றது கத்திக்கொண்டு ஒதுங்கிவிடும். தாயும் அதட்டும். பல்லை எவ்வளவு அழுத்தலாம் என்ற அளவு குட்டிக்குத் தெரிய வருவது இந்த விளையாட்டில்தான். சீக்கிரம் பிரித்த குட்டிக்கு அந்த அளவு தெரியாது. பிறகு நம் வீட்டுப் பிள்ளையின் கையில்தான் அதைக் கற்றுக்கொள்ளும். ஆகவே 50 நாளுக்குக் குறையாமல், கூடுமானால் 60 நாள் வரை தாயிடம் விட்டு வைத்து எடுப்பது நல்லது. தெருநாயின் குட்டியாக இருந்தால் அதுவரை தாய்க்குத் தினம் கொஞ்சம் சோறு வைத்து, குட்டிகளைக் கையில் எடுத்துப் பழக்கி வரலாம்.

அமெரிக்க ஆராய்ச்சியாளர்களான ஸ்காட், புல்லர் இருவரும் பல ஆண்டுகள் நாய்க்குட்டிகளை வளர்த்துப் பார்த்து 1965-இல் ஒரு நூல் வெளியிட்டார்கள். மூன்றாவது வாரத்திலிருந்து சுமார் 12-ஆவது வாரம் வரை குட்டி எவற்றோடு பழகுகிறதோ அவற்றைத் தன் கூட்டமாக ஏற்றுக்கொள்கிறது என்பது அவர்கள் கண்டது. அந்தக் காலத்தில் மனிதரையே பார்க்காமல் வளர்ந்த குட்டி, பிறகு எவ்வளவு பழக்கினாலும் மனிதரிடம் மிரட்சியோடுதான் இருந்தது.

நம் கொல்லைக்கு இதை எப்படிப் பொருத்துவது? குட்டிக்கு மூன்று மாதம் முடிவதற்குள் மாடு, ஆடு, கோழி, டிராக்டர் சத்தம், மோட்டார் பம்பு, மோட்டார் சைக்கிள், தலையில் கூடையோடு வரும் பெண்கள், முண்டாசு கட்டியவர், குடை பிடித்தவர், ஓடி விளையாடும் சிறுவர்கள் என எல்லாவற்றையும் அது பார்த்திருக்க வேண்டும். தலைச்சுமைக்காரரைக் கண்டு பல நாய்கள் பாய்வதற்குக் காரணம், குட்டியாக இருந்தபோது அந்த உருவத்தைப் பார்க்காததே. கொட்டை பொறுக்க வருபவர் கையாலேயே குட்டிக்குத் துளிக் கருவாடு போடச் சொல்லுங்கள். பலா மரத்தைப் பார்த்து விலை பேச வரும் வியாபாரி கையாலும் போடச் சொல்லலாம். இப்படிச் செய்தால் திருடனிடமும் குழையும் என்று பயப்பட வேண்டாம். வீட்டுக்காரர் கூட இருக்கும்போது பகலில் வரும் ஆளுக்கும், இருட்டில் வேலி தாண்டி வரும் ஆளுக்கும் வேற்றுமை நாய்க்குத் தெரியும்.

இதில் ஓர் எச்சரிக்கை. தடுப்பூசி முடியாத குட்டியைத் தெருவில் நடத்திக் கூட்டிச் செல்லக் கூடாது. பார்வோ என்னும் ரத்தக்கழிச்சல் நோய் மண்ணிலேயே பல மாதம் தங்கும். வெளியே கூட்டிப் போக வேண்டுமானால் கூடையிலோ கையிலோ தூக்கிச் செல்லுங்கள். இந்த நோய்க்கான முதல் ஊசியை 6 முதல் 8 வாரத்தில் போட்டு, மூன்று நான்கு வார இடைவெளியில் கால்நடை மருத்துவர் சொல்லும்வரை தொடர வேண்டும்.

ஆட்டையும் கோழியையும் துரத்தும் குட்டி

அறுவடை முடிந்த வயலில் கிடை போட வரும் ஆட்டுக்காரர்களோடு வரும் நாய்களைக் கவனித்திருப்பீர்கள். நூற்றுக்கணக்கான ஆட்டுக்கு நடுவே படுத்திருக்கும், ஒரு குட்டியைக்கூடத் தொடாது. அவை கிடையிலேயே பிறந்து, ஆட்டின் மணத்திலேயே வளர்ந்தவை. 1970-களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் ரேமண்ட் காப்பிங்கர் என்பவர் ஐரோப்பிய இடையர்களின் நாய்களைக் கொண்டுவந்து, குட்டியிலேயே ஆட்டுப்பட்டியில் விட்டு வளர்க்கும் முறையைப் பண்ணைக்காரர்களிடம் பரப்பினார். நம் கீதாரிகள் அதை யாரிடமும் கேட்காமலே செய்து வருகிறார்கள்.

ஆகவே ஆடு வைத்திருப்பவர்கள் குட்டியை வீட்டுத் திண்ணையில் வைக்காமல் ஆட்டுக்கொட்டகைக்குப் பக்கத்தில், தடுப்புக்கு இப்பால் படுக்க வைத்து, அங்கேயே சோறு போட வேண்டும். வெளியே விடும்போது பத்தடிக் கயிறு ஒன்றை அதன் கழுத்துப் பட்டையில் கட்டித் தரையில் இழுபட விடுங்கள். கோழியைப் பார்த்துப் பாயப் போகும்போது கயிற்றை மிதித்து நிறுத்தி, ‘விடு’ என்று ஒரே ஒரு சொல் சொல்லுங்கள். அது கோழியை விட்டு உங்கள் முகத்தைப் பார்த்த உடனே ஒரு துண்டுக் கருவாடு. உடனே என்றால் ஓரிரு விநாடிக்குள். உள்ளே போய் எடுத்து வந்து கொடுத்தால் எதற்காகக் கிடைத்தது என்று அதற்குப் புரியாது. ஆகையால் மடியில் தயாராக முடிந்து வைத்திருக்க வேண்டும். ஒரு தடவைக்கு மூன்று நிமிடம், நாளுக்கு நாலைந்து தடவை போதும். இரண்டு மூன்று வாரத்தில் பெரும்பாலான குட்டிகள் கோழி எதிரே போனாலும் திரும்பி உங்களைப் பார்க்கும். வீட்டில் உள்ள எல்லோரும் அதே சொல்லையே சொல்ல வேண்டும். ஒருவர் ‘விடு’ என்றும் ஒருவர் ‘ச்சீ போ’ என்றும் சொன்னால் பாடம் நிற்காது.

செத்த கோழியை நாயின் கழுத்தில் கட்டிவிடும் வைத்தியத்தால் பயன் இல்லை. நாற்றத்துக்கு நாய் முகம் சுளிக்காது, நாம்தான் சுளிப்போம்.

ஆடு அறுத்த இடத்தில் குடல், ஈரல், நுரையீரல் ஆகியவற்றைப் பச்சையாக நாய்க்குப் போடுவதையும் நிறுத்த வேண்டும். அதில் நீர்க்கட்டிப் புழு இருக்கலாம். நாயின் குடலில் நாடாப்புழுவாக வளர்ந்து, அதன் சாணம் வழியாகப் புழு முட்டை புல்லில் கலந்து ஆட்டுக்கும், கை கழுவாமல் சாப்பிடும் பிள்ளைக்கும் வந்து சேரும். குட்டிக்கு இரண்டு மூன்று வாரத்தில் தொடங்கிக் குடற்புழு மருந்து கொடுக்க வேண்டும். மூன்று மாதம் ஆகும்வரை இரு வாரத்துக்கு ஒரு முறை, பிறகு மூன்று மாதத்துக்கு ஒரு முறை.

நன்றாகப் பழகிய நாயும் இரவில் ஊர் நாய்களோடு சேர்ந்தால் வேறு நாயாகிவிடும். தனியாக ஆட்டைத் தொடாதது, நான்கோடு சேர்ந்தால் துரத்தும். காங்கேயம், வெள்ளகோவில் பகுதிகளில் 2024, 2025-ஆம் ஆண்டுகளில் நாய்க் கூட்டங்கள் பட்டியில் புகுந்து ஆடுகளைக் கடித்துக் கொன்றதும், விவசாயிகள் போராடிய பின் அரசு 2025-இல் இழப்பீடு அறிவித்ததும் நினைவிருக்கும். நம் நாய் அப்படிப்பட்ட கூட்டத்தில் சேராமல் இருக்க, இரவில் அது நம் வேலிக்குள்ளேயே இருக்க வேண்டும். ஆண் நாய்க்குக் கருத்தடை செய்துவிட்டால் பெட்டையைத் தேடி அலைவது குறையும். காவல் குணம் குறையாது.

கூப்பிட்டால் வராத நாய்

விவசாயிகள் அதிகம் குறைப்படுவது இதைப் பற்றித்தான். ஆனால் பெரும்பாலும் இது நாம் செய்து வைத்த வினை. கொல்லையில் எதையோ கிளறிக்கொண்டிருக்கும் நாயை ‘வா’ என்று கூப்பிடுகிறோம். வர நேரமாகிறது. வந்ததும் நேரமானதற்காக ஓர் அடி. நாய் என்ன கற்றுக்கொள்ளும்? வந்தால் அடி என்றுதான். இன்னொன்று, கட்டிப் போட வேண்டிய நேரத்தில் மட்டும் கூப்பிடுவது. வந்தால் சங்கிலி என்று தெரிந்த பின் எந்த நாய் வரும்?

எவ்வளவு நேரம் கழித்து வந்தாலும், எந்தக் குற்றம் செய்திருந்தாலும், வந்த நாயை அடிக்கக் கூடாது. தினமும் பத்துத் தடவை காரணமில்லாமல் கூப்பிட்டு, வந்ததும் தடவிக் கொடுத்து, ஏதாவது தின்னக் கொடுத்துத் திரும்ப விட்டுவிடுங்கள். சோறு வைக்கும் நேரத்தில் கூப்பிட்டுவிட்டு வையுங்கள். நாய் வர வேண்டிய நாளில் வரும். எதிரே பாம்பு கிடக்கும்போதோ சாலையில் கரும்பு லாரி வரும்போதோ இந்த ஒரு சொல்தான் அதன் உயிரைக் காக்கும்.

மோட்டார் சைக்கிளைத் துரத்தும் நாய்க்கு வேறு விதம். வண்டி ஓடிப் போவதால், தானே விரட்டிவிட்டதாக அது நினைக்கிறது. ஆகவே துரத்தும் வாய்ப்பையே கொடுக்கக் கூடாது. கயிற்றோடு சாலையிலிருந்து முப்பது நாற்பது அடி தள்ளி நின்று, வண்டி போகும்போதெல்லாம் பெயர் சொல்லி அழைத்துத் தின்னக் கொடுத்து, நாள் செல்லச் செல்லக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாலைப் பக்கம் நெருங்க வேண்டும்.

பிள்ளைகளின் கையைக் குட்டி கவ்வுவது இயல்பு. பால்பல் 28 விழுந்து, நிலைப்பல் 42 முளைப்பது நாலாவது மாதத்திலிருந்து ஏழாவது மாதத்துக்குள். அப்போது ஈறு அரிக்கும். கை கவ்வினால் விளையாட்டை நிறுத்தி எழுந்து போய்விட வேண்டும். முறுக்கி முடிச்சிட்ட பழந்துணியைக் கடிக்கக் கொடுக்கலாம். வீட்டுக்குள் சிறுநீர் விட்டால் மூக்கைத் தேய்ப்பது வீண். தூங்கி எழுந்ததும், தின்றதும் வெளியே விட்டால் தானே பழகும்.

சங்கிலி

பகலில் ஆள் நடமாட்டம் உள்ள இடத்தில் கட்டித்தான் ஆக வேண்டும் என்பவர்களை நான் குறை சொல்லவில்லை. ஆனால் மூன்றடிச் சங்கிலியில் காலை முதல் மாலை வரை கட்டிய நாய், அவிழ்த்ததும் கண்ணில் பட்டதைக் கடிக்கும். 1960-ஆம் ஆண்டு பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டமும், மிகக் குட்டையான சங்கிலியில் அளவுக்கு மீறிய நேரம் கட்டுவதையும், எப்போதும் கட்டியே வைத்திருக்கும் நாயை நடமாட விடாமல் இருப்பதையும் குற்றமாகச் சொல்கிறது. இரண்டு முந்திரி மரத்துக்கிடையே இருபது முப்பது அடிக்குக் கம்பி இழுத்து, அதில் ஒரு வளையம் கோத்து, வளையத்தில் சங்கிலியை மாட்டிவிடுங்கள். நாய் நிழலுக்கும் தண்ணீருக்கும் போய் வரும். காவலும் நடக்கும். சங்கிலி மரத்தில் சுற்றிக்கொள்ளாதபடி இரு முனையிலும் கம்பியில் முடிச்சுப் போட வேண்டும்.

கடித்துவிட்டால்

தடுப்பூசி போட்ட சொந்த நாயாக இருந்தாலும், குட்டியாக இருந்தாலும், பல் பட்ட இடத்தைக் குழாய்த் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவ வேண்டும். சுண்ணாம்பு, மஞ்சள், மிளகாய்ப் பொடி, காப்பித் தூள் எதையும் வைக்கக் கூடாது. அன்றைக்கே அரசு மருத்துவமனைக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ போய்விட வேண்டும். தொப்புளைச் சுற்றி 14 ஊசி என்ற பயத்தில் இன்றும் சிலர் மந்திரிக்கப் போகிறார்கள். அந்தப் பழைய ஊசி மருந்தின் தயாரிப்பே 2004-ஆம் ஆண்டோடு இந்தியாவில் நின்றுவிட்டது. இப்போது தோள்பட்டையில், முதல் ஊசி போட்ட நாளிலிருந்து 3, 7, 28-ஆவது நாட்களில் போடுகிறார்கள். ரத்தம் வந்த காயமாக இருந்தால் காயத்தைச் சுற்றியும் வேறொரு மருந்து போடுவார்கள், அதை வேண்டாம் என்று சொல்லக் கூடாது. வெறிநோய் வெளிப்பட்ட பின் பிழைத்தவர் உலகிலேயே மிக அபூர்வம்.

கடித்த நாயை அடித்துக் கொன்றுவிடாதீர்கள். கட்டிவைத்துப் பத்து நாள் கவனியுங்கள். அதற்காக மனிதருக்குப் போட வேண்டிய ஊசியைத் தள்ளிப் போடவும் கூடாது.

குட்டிக்கு மூன்று மாதம் ஆனதும் வெறிநோய்த் தடுப்பூசி, பிறகு ஆண்டுக்கு ஒரு முறை. பிரான்சில் லூயி பாஸ்டர் 1885-இல் ஒரு சிறுவனுக்கு இந்நோய்க்கு முதன்முதலாக ஊசி போட்டது ஜூலை 6. அந்த நாளையும், அவர் மறைந்த செப்டம்பர் 28-ஐயும் ஒட்டிக் கால்நடை மருத்துவமனைகளில் இலவச முகாம் நடத்துவார்கள். முகாமுக்குப் போகும்போது நாயைக் கையில் பிடிக்கும் அளவு கயிற்றில் கட்டி, மற்ற நாய்களிடமிருந்து தள்ளி நிறுத்துங்கள். ஊசி போட்டதற்கான சீட்டை ரேஷன் கார்டோடு சேர்த்து வையுங்கள். நாய் யாரையாவது கடித்துவிட்டால் மருத்துவர் அதைத்தான் கேட்பார்.