வண்ணம் தீட்டினால் எழுத்து பதியுமா?

பெரிய எழுத்துக்குள் வண்ணம் தீட்டத் தீட்ட, அந்த எழுத்து குழந்தையின் மனத்தில் தானாகப் பதிந்துவிடும் என்ற நம்பிக்கை பால்வாடி முதல் எல்கேஜி வரை வேரூன்றியிருக்கிறது. உள்ளே வெறுமையாக விட்ட ‘அ’ ஒன்று, பக்கத்தில் ஓர் அணில், கையில் கிரேயான். தாள் நிரம்பினால் பாடம் முடிந்தது என்று எடுத்துக்கொள்கிறோம். ஆனால் நிரம்பிய தாளை அல்ல, நிரப்பிய கையைக் கவனித்தால்தான் நடந்தது என்ன என்று புரியும். சுழித்து, வளைந்து, கிடைக்கோடாக நீண்டு, நேர்கோடாக இறங்குகிற போக்குதான் ‘அ’. வண்ணம் தீட்டும் கை அந்தப் போக்கில் போவதே இல்லை. இருந்த இடத்தில் முன்னும் பின்னும் தேய்க்கிறது. ‘அ’வுக்கும் அதே தேய்ப்பு, ‘ம’வுக்கும் அதே தேய்ப்பு, மாம்பழத்துக்கும் அதே தேய்ப்பு. கண்ணோ கோட்டைத் தாண்டிவிடக் கூடாது என்பதிலேயே இருக்கிறது. இடத்தை நிரப்பக் குழந்தை கற்கிறது; எழுத்தை இனங்காண அல்ல.

அமெரிக்காவின் இண்டியானா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கரின் ஜேம்ஸ், லாரா எங்கல்ஹார்ட் உடன் 2012இல் வெளியிட்ட ஆய்வு இங்கே உதவும். இன்னும் படிக்கத் தெரியாத, ஐந்து வயதையொட்டிய குழந்தைகள் சில எழுத்துகளைத் தாமாகப் பார்த்து எழுதினார்கள்; சிலவற்றைத் தட்டச்சு செய்தார்கள்; சிலவற்றைப் புள்ளிக்கோட்டின் மேல் எழுதினார்கள். பிறகு எழுத்துகளைக் காட்டி மூளையை ஸ்கேன் செய்தபோது, தாமாக எழுதிப் பழகியவற்றுக்குத்தான் வாசிப்புக்குரிய பகுதிகள் துலக்கமாக இயங்கின. இதில் வண்ணம் தீட்டுவதைச் சோதிக்கவில்லையே என்று ஒருவர் மறுக்கலாம், மறுப்பு நியாயமானது. ஆனால் புள்ளிக்கோட்டின் மேல் போகும் கையாவது எழுத்தின் பாதையில் போகிறது. அதற்கே அந்தப் பலன் கிட்டவில்லை என்றால், பாதையைத் தொடாத கிரேயானிடம் அதை எதிர்பார்க்க வழியில்லை. அதே ஜேம்ஸ், ஜூலியா லீயுடன் 2016இல் வெளியிட்ட இன்னோர் ஆய்வில், ஐந்து வயதுக் குழந்தைகளுக்குக் கிரேக்க எழுத்துகள் கற்பிக்கப்பட்டன. ஒரே அச்சு வடிவத்தையே கண்டவர்களைவிட, விதவிதமான வடிவங்களைக் கண்டவர்களும் எழுதியவர்களும் எழுத்துகளை நன்றாக இனங்கண்டார்கள். குழந்தை தானாக எழுதும் ‘ட’ ஒருமுறை சாயும், ஒருமுறை குட்டையாகும். அந்தக் கோணல்மாணல்தான் ஓர் எழுத்தில் எது மாறலாம், எது மாறக் கூடாது என்பதைச் சொல்லித்தருகிறது. நாம் அழித்துத் திருத்தப் பார்க்கும் அந்த எழுத்துகளை எனக்கு மிகவும் பிடிக்கும்.

தமிழுக்கு இது இன்னும் பொருந்தும். மூன்று சுழி ‘ண’வையும் இரண்டு சுழி ‘ன’வையும் பிரிப்பது ஒரே ஒரு சுழி. ‘எ’வையும் ‘ஏ’வையும் பிரிப்பது கீழே இறங்கும் சிறு கோடு. ஒருகாலத்தில் குறிலுக்குப் புள்ளி வைத்துத்தான் இவற்றை வேறுபடுத்தினார்கள். இன்றைய வேறுபாட்டை 18ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் கொண்டுவந்தார். எழுத்தை எழுத்திலிருந்து பிரிக்கும் அந்தச் சின்னக் கோட்டை, முழுவதையும் ஒரே நிறத்தில் நிரப்பும் பயிற்சி கண்ணிலிருந்து மறைத்துவிடுகிறது. அந்தச் சுழியை மட்டும் சிவப்பாக்கச் சொன்னால் கதை வேறு. ‘ல’, ‘ள’, ‘ழ’ கலந்து கிடக்கும் கட்டங்களில் ‘ள’ உள்ளவற்றை மட்டும் தீட்டச் சொன்னாலும் அப்படித்தான். அங்கே முதலில் எழுத்தைக் கண்டுபிடித்தால்தான் கிரேயானுக்கு வேலை. ஆகவே குறை வண்ணத்தில் இல்லை. யோசிக்காமலே முடித்துவிடக்கூடிய வேலையாக அதை வைத்திருப்பதில் இருக்கிறது.

வண்ணம் தீட்டுவது விரல்களுக்கு வலுவும் பிடிமானமும் தருமே என்பார்கள். தரும்; அதற்காகத் தாராளமாகத் தீட்டட்டும். அணிலையும் வீட்டையும் மழையையும் தீட்டினாலும் அதே வலு வரும். குழந்தைக்குப் பிடிக்கிறதே என்பதும் உண்மை. அந்த விருப்பத்தை எழுத்துக் கல்வியின் கணக்கில் எழுதிவைத்தால், எழுத்து தெரியாத குழந்தையைத் தெரிந்ததாக எண்ணி மேல்வகுப்புக்கு அனுப்பிவிடுவோம் என்பதுதான் என் கவலை. எழுத்துக்கு ஒரு நிறம் என்று வைத்தால் நினைவில் நிற்கும் என்பது மூன்றாவது வாதம். எப்போதும் சிவப்பாகவே வரும் ‘அ’வைக் காட்டிச் சரியான பதிலை வாங்கினால், குழந்தை கண்டுகொண்டது சிவப்பையா, ‘அ’வையா என்று சொல்ல முடியாது. படிக்கப்போகும் புத்தகத்தில் எல்லா எழுத்தும் கறுப்பு.

திண்ணைப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதினார்கள். விஜயதசமியன்று பரப்பிய அரிசியிலும் விரல்தான் எழுதுகிறது. 1907இல் ரோமில் தம் முதல் பள்ளியைத் தொடங்கி, 1939இல் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி தந்த மரியா மாண்டிசோரி, உப்புத்தாளில் வெட்டிய எழுத்துகளை விரலால் தடவவைத்தார். எழுதும் திசையிலேயே தடவ வேண்டும், கூடவே அதன் ஒலியையும் சொல்ல வேண்டும். ஒலி சேராதவரை குழந்தைக்கு ‘அ’வும் ஒரு படம்தான். வீட்டில் ஏற்கெனவே இருக்கும் ஒர்க்‌ஷீட்டைக் கிழித்தெறிய வேண்டியதில்லை. கிரேயானை எடுக்குமுன் எழுத்தின் மேல் விரல் ஒருமுறை தொடக்கத்திலிருந்து முடிவுவரை போகட்டும், வாய் ஒலியைச் சொல்லட்டும். வண்ணம் தீட்டியபின், தாளின் ஓரத்தில் மிஞ்சிய வெற்றிடத்தில் அதே எழுத்தைக் குழந்தை தனக்குத் தெரிந்தபடி எழுதட்டும்.